எண்ணெயின் தூய்மையும் வீரியமும்

லாரிப் பட்டறைகளில் மெக்கானிக் டிப்ஸ்டிக்கை உருவி, நுனியில் தொங்கும் சொட்டை இரு விரலிடையே தேய்த்து முகர்ந்துவிட்டு, 'ஆயில் கறுத்துப் போச்சு' என்று தீர்ப்பளிப்பது நாள்தோறும் காணும் காட்சி. ஆனால் டீசல் இன்ஜினில் புது ஆயிலும் சில நாட்களில் கறுத்துவிடும்; அந்தக் கறுப்பு, புகைக்கரியை ஒன்றுகூட விடாமல் தன்னுள் ஏந்தி நிற்கும் ஆயிலின் கடமையுணர்ச்சிக்குச் சாட்சியேயன்றி, அதன் சீரழிவுக்குச் சாட்சியன்று.

வழக்கமான ஆயில் பில்டருக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. பேரிங்குகளுக்குச் செல்லும் ஆயில் முழுவதும் அதன் வழியே தடையின்றிப் பாய வேண்டியிருப்பதால், அதன் காகிதம் மிக நெருக்கமாக இருத்தலாகாது. ஆகவே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகிய மைக்ரான் கணக்கில், இருபது முப்பதுக்குக் குறைந்த துகள்களில் பெரும்பகுதி அதற்கு அகப்படுவதில்லை. ஆனால் கிராங்க் ஷாப்டைத் தாங்கும் ஆயில் படலத்தின் கனமோ சில மைக்ரான்தான். அந்த அளவுத் துகளே உலோகத்தை அதிகம் அராவுகிறது.

இதற்குப் பரிகாரமாக வந்ததே பைபாஸ் பில்டர். ஓட்டத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கை மட்டும் பிரித்தெடுத்து, நெருக்கமான பஞ்சு வழியே மெல்லக் கசியவிட்டு, எண்ணெய்த் தொட்டிக்கே திருப்பியனுப்பும் இந்த யுக்தி நூதனமானதன்று. 1923-இல் அமெரிக்காவில் ஸ்வீட்லாண்டும் கிரீன்ஹால்கும் 'பியூரோலேட்டர்' கண்ட ஆரம்ப காலத்தில் வடிகட்டிகள் பெரும்பாலும் இவ்வகையினவே. ஆயிலின் அழுத்தத்தாலேயே நிமிஷத்துக்குப் பல ஆயிரம் முறை சுழலும் மையவிலக்கு வடிகட்டியும் இதே வேலையைச் செய்கிறது. அதன் மூடியைக் கழற்றினால், சுவரில் அப்பியிருக்கும் கரிய களியைக் கத்தியால் வழித்தெடுக்கலாம். பேரிங்கில் அராவியிருக்க வேண்டிய பொருள் இது என்று உணர்கையில், சாதனத்தின் பெருமை பிரத்தியட்சமாகிறது.

எனினும், இதைப் பொருத்திவிட்டால் ஆயிலையே மாற்ற வேண்டியதில்லை என்னும் விளம்பரவாதம் ஏற்கத்தக்கதன்று. வடிகட்டி திடப்பொருளைப் பிடிக்குமே தவிர, ஆயிலில் கரைந்த டீசலையும் அமிலத்தையும் பிரிக்காது. அமிலத்தை முறித்து முறித்துத் தேய்ந்துபோன காரச் சத்தை மீட்டுத் தராது. ஏர் பில்டர் குழாயின் கிளிப் தளர்ந்து புழுதி உள்ளே புகும்போது, வாசலைத் திறந்துவைத்துக் கூடத்தைப் பெருக்குபவனின் கதியே அதற்கும். மேலும், புதிதாய்ச் சேரும் ஒவ்வொரு குழாயும் இணைப்பும் ஒரு கசிவுக்கு இடம். நடுவழியில் குழாய் வெடித்தால் ஆயில் முழுவதும் சாலையில் கொட்டிவிடும்.

ஆகவே, ஆயில் மாற்றும் தவணையை இச்சாதனத்தை நம்பி நீட்டிக்க விரும்பும் லாரி உரிமையாளர், ஆயிலின் பாகுத்தன்மை, காரச் சத்து, அதில் கலந்த இரும்பு, மணல் ஆகியவற்றை ஆய்வுக்கூடத்தில் அவ்வப்போது பரீட்சிப்பதையும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு வகையில்லாத பட்டறையில் ஒரு மைஒற்றுத் தாளேனும் இருக்கட்டும்: அதில் விழுந்த சொட்டு ஓரம் வரை சீராகப் பரவினால் ஆயிலுக்குக் கரியை ஏந்தும் வலு இன்னும் உண்டு, பரவாமல் நடுவில் கரும்புள்ளியாய் உறைந்து நின்றால், எத்தனை நுண்ணிய வடிகட்டி இருந்தாலும், அந்த ஆயிலை அன்றே இறக்கிவிடுவதுதான் விவேகம்.