நகர் காட்டும் விகடகவிகள்

புதிய ஊரில் கால் வைத்த யாத்ரிகனுக்கு அவ்வூரின் பெருமையை எடுத்துச் சொல்ல ஒருவன் எப்படியும் வந்து சேர்ந்துவிடுவது எல்லாத் தேசங்களிலும் உள்ள வழக்கம். கோயில் பிராகாரத்தில் ஸ்தலபுராணம் சொல்லுகிறவரும், கோட்டை வாசலில் நின்றுகொண்டு அரசர்களின் அந்தப்புர ரகசியங்களை நேரில் கண்டவர்போல் வருணிக்கிறவரும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் சொல்லுவதில் சரித்திரம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்று துருவிப் பார்ப்பது மரியாதையன்று என்று நாமும் தலையை ஆட்டிக்கொண்டே நடந்துவிடுகிறோம். ஆனால், அந்தக் குலத்திலேயே ஒரு கிளை, தான் சொல்லுவதில் பாதி பொய் என்பதை முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டு, அந்தப் பொய்க்காகவே டிக்கெட்டும் விற்று, ஜனங்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊரைச் சுற்றிக் காட்டிச் சிரிக்க வைப்பதை ஜீவனோபாயமாகக் கொண்டிருக்கிறது. லண்டன், நியூயார்க் முதலிய மாநகரங்களில் வேரூன்றியிருக்கும் இந்த ஹாஸ்ய பஸ் யாத்திரையைக் கலை என்பதா, வியாபாரம் என்பதா என்ற விவாதத்தில் இறங்காமல், அது எங்கிருந்து வந்தது, அதில் சிரிப்பு எப்படிப் பிறக்கிறது, யாரைப் பார்த்துப் பிறக்கிறது என்ற மூன்று கேள்விகளை மட்டும் இங்கே ஆராயலாம்.

மூன்றாவது கேள்விக்கு நம் இலக்கணத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. நகை என்னும் மெய்ப்பாடு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்ற நான்கிலிருந்து தோன்றும் என்று தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். அதற்கு உரை கண்ட பேராசிரியர், எள்ளலையே இரண்டாகப் பிரித்து, தான் பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தானே சிரித்துவிடுவது மற்றொன்று என்று நுட்பமாகக் காட்டினார். நகர் காட்டும் வண்டிகளின் சரித்திரத்தைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், அவற்றின் ஹாஸ்யம் ஒரு நூற்றாண்டுக் காலத்தில் முதல்வகை எள்ளலிலிருந்து இரண்டாம் வகைக்கு மெல்ல மெல்ல இடம் பெயர்ந்திருப்பது புலப்படும்.

மெகாபோன் காலம்

மோட்டார் வாகனமே புதுமையாக இருந்த இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிசை வரிசையாக உயர்ந்து செல்லும் பெஞ்சுகளைக் கொண்ட திறந்த வண்டிகள், வெளியூர் ஜனங்களை ஏற்றிக்கொண்டு நியூயார்க் வீதிகளைச் சுற்றி வந்தன. வண்டியின் முன்னால் ஒருவன் கூம்பு வடிவமான மெகாபோனை வாயில் வைத்துக்கொண்டு, இன்னது இன்ன கோடீசுவரரின் மாளிகை, இன்னது இன்ன தேவாலயம் என்று கூவிக்கொண்டு போவான். இடமும் வலமுமாகக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்த பிரயாணிகளைக் கண்டு உள்ளூர்க்காரர்கள் சிரித்தார்கள். கழுத்து ரப்பரால் ஆனவர்களின் வண்டி என்னும் பொருள்பட அதற்கு 'ரப்பர்நெக்' வண்டி என்று பெயரும் வைத்தார்கள். 1906-ல் 'தி ஃபோர் மில்லியன்' என்ற தொகுதியை வெளியிட்ட ஓ. ஹென்றி, அதில் ஒரு கதையை அந்த வண்டியின் மேலேயே நடத்திக் காட்டியிருக்கிறார் என்றால், அது நகர வாழ்க்கையில் எவ்வளவு பழகிய காட்சியாக இருந்திருக்க வேண்டும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

வண்டியில் இருந்தவர்களைத் தெருவில் இருந்தவர்கள் எள்ளியது அத்தோடு போயிற்று. வண்டியில் இருந்தவர்கள் தெருவில் இருந்தவர்களைப் பார்க்கப் போன விதம் அவ்வளவு நிர்மலமானதன்று. அக்காலத்தில் சக் கானர்ஸ் என்ற பேர்போன வழிகாட்டி ஒருவர் வெளியூர்ப் பணக்காரர்களைச் சீனர்கள் குடியிருந்த பகுதிக்கு அழைத்துச் சென்று, அபின் புகைத்து மயங்கிக் கிடப்பவர்களாக நடிக்கக் கூலி கொடுத்து ஆட்களை அமர்த்திய ஒரு போலிக் கிடங்கைக் காட்டி வந்தார். பார்க்க வந்தவர்கள் பயந்து, வியந்து, வீடு திரும்பியபின் சிரித்தும் இருப்பார்கள். காய்கறி விற்றும் துணி வெளுத்தும் பிழைத்துக்கொண்டிருந்த ஓர் இனத்தாருக்கு அந்த வேடிக்கை எத்தகைய அபகீர்த்தியைத் தேடித் தந்தது என்பதைப் பற்றி அவர்கள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. நால்வகை நகையில் மடன் என்பது, பிறர் சொன்னதைப் பற்றிக்கொண்டு பின் விடாதிருக்கும் தன்மை; அந்தக் கிடங்கைக் கண்டவர்கள் சீனர்களைப் பற்றிக் கொண்டுபோன எண்ணம் அவ்வகையைச் சேர்ந்தது.

வாத்தும் யானையும்

ஹாஸ்யத்தையே பிரதானமாக்கிய யாத்திரை பஸ்ஸில் பிறந்ததென்று சொல்ல முடியாது; அதன் தாய்வீடுகளில் இரண்டேனும் தண்ணீரில் இருக்கின்றன. கலிபோர்னியாவில் 1955-ல் திறக்கப்பட்ட டிஸ்னிலாந்தில் காட்டாற்றுப் படகுப் பயணம் ஒன்று ஏற்பட்டது. படகோட்டி முதலில் பேசியதெல்லாம் வனவிலங்குப் படத்தின் பின்னணி உரைபோல் வெகு கம்பீரமாக இருந்தது. 1960களின் தொடக்கத்தில் மார்க் டேவிஸ் என்ற ஓவியர் யானைகள் நீராடும் குளம் முதலான வேடிக்கைக் காட்சிகளை அமைத்துக் கொடுத்தபின், படகோட்டியின் பேச்சும் தடம் மாறிற்று. அருவியின் பின்னால் படகைச் செலுத்தி, உலக அதிசயத்தைக் காட்டுகிற பாவனையில், தண்ணீரின் பின்பக்கத்தைத் தரிசித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுவது அங்கே ஒரு சம்பிரதாயமாகவே நிலைத்துவிட்டது. ஒன்றுமில்லாததைப் பெரிய விஷயமாக அறிவித்து, வழிகாட்டி என்ற பதவியையே கேலி செய்துகொள்ளும் இந்த உத்தி, பின்வந்த பஸ்காரர்களுக்கெல்லாம் பிதிரார்ஜிதமாயிற்று.

மற்றொரு தாய்வீடு, யுத்தத்திலிருந்து வந்தது. நிலத்திலும் நீரிலும் செல்லும்படி 1942 முதல் அமெரிக்கா இருபத்தோராயிரத்துக்கு மேல் செய்து குவித்து, 1944-ல் நார்மண்டிக் கரையில் பயன்படுத்திய ராணுவ வண்டிகள், சமாதானம் வந்தவுடன் வேலையற்றுப்போயின. 1946-ல் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவர் அவற்றில் உல்லாசப் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கினார். பாஸ்டன் நகரில் 1994-ல் தொடங்கிய, வாத்து என்று பெயர் பெற்ற இவ்வகை வண்டிகள், வீதி வழியாகச் சென்று சார்ல்ஸ் நதிக்குள் இறங்குபவை. அவற்றை ஓட்டுகிறவர்கள் வேஷம் தரித்து, புனைபெயர் சூட்டிக்கொண்டு, கண்டக்டர் என்ற சொல்லின் நடுவில் வாத்துக்குரிய 'டக்' இருப்பதைப் பெரிதாக எழுதித் தங்கள் பட்டப்பெயராக்கிக்கொண்டார்கள். பிரயாணிகளைத் தெருவில் போகிறவர்களை நோக்கி வாத்துப்போல் கத்தச் சொல்லுவதும் உண்டு. வழக்கறிஞர்களும் பாட்டிமார்களும் வெட்கத்தை விட்டுக் குவாக் குவாக் என்று கத்தும்போது பிறக்கிற நகைக்கு இளமை என்பதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது.

ஆயினும் இவ்வண்டிகளின் கதை முழுவதும் சிரிப்பன்று. 1999-ல் அர்க்கன்சாவில் ஓர் ஏரியில் மூழ்கிய வண்டியில் 13 பேரும், 2018-ல் மிசௌரியில் புயலில் சிக்கிய வண்டியில் 17 பேரும் உயிரிழந்தார்கள். 2015-ல் சியாட்டில் பாலத்தின் மேல் நேர்ந்த மோதலில் ஐவர் இறந்தபின், ஒரே மனிதர் வண்டியையும் ஓட்டிக்கொண்டு விகடமும் பேசலாமா என்ற கேள்வி எழுந்தது. அந்நகரில் வாத்து வண்டிகள் மீண்டும் வீதிக்கு வந்தபோது ஓட்டுகிறவர் வேறு, பேசுகிறவர் வேறு என்ற ஏற்பாட்டோடுதான் வந்தன.

சிக்னல் விளக்கின் தாளம்

பேசுகிறவருடைய வித்தை எத்தகையது என்பதை இங்கே சற்று நின்று பார்க்கலாம். நாடக மேடையில் நிற்கும் விகடன், சபை சிரித்து ஓயும்வரை காத்திருந்து அடுத்த வார்த்தையை விடலாம். பஸ்ஸில் மைக் பிடித்தவனுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. அவனுடைய தாளத்தைப் போடுவது சிக்னல் விளக்கு. வலப்புறத்துச் சிலையைப் பற்றிய சிலேடை, சிலை கண்ணில் படும் சில விநாடிகளுக்குள் முடிந்தாக வேண்டும். பச்சை விளக்கு முந்திக்கொண்டால் சிலை பின்னால் போய்விடும், சிலேடை மட்டும் அநாதையாக நிற்கும். சிவப்பு விளக்கிலோ நெரிசலிலோ பஸ் நின்றுவிட்டால், காட்டுவதற்கு ஒரு மருந்துக்கடையும் ஒரு குப்பைத்தொட்டியும் தவிர வேறொன்றும் இல்லாத இடத்தில் ஐந்து நிமிஷம் ஜனங்களின் கவனத்தைக் கலைய விடாமல் வைத்திருக்க வேண்டும். ஆகையால் தேர்ந்த கைடு ஒவ்வொரு விகடத்துக்கும் குறுகிய பாடம் ஒன்றும் நீண்ட பாடம் ஒன்றும் கைவசம் வைத்திருப்பான். குப்பைத்தொட்டியைப் பற்றியும் ஒரு புராணம் வைத்திருப்பான். பதிவு செய்த குரலைப் பல பாஷைகளில் காதில் மாட்டிவிடும் வண்டிகள் பெருகியும் இந்தத் தொழில் அழியாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே: இயந்திரத்துக்குத் தகவல் தெரியும், நெரிசல் தெரியாது.

இந்த வித்தையைத் தத்துவமாகவே ஆக்கிக்கொண்டவர் டிமதி 'ஸ்பீட்' லெவிச். நியூயார்க்கின் மாடி பஸ்களில் வழிகாட்டியாக இருந்த அவரைப் பின்தொடர்ந்து பென்னட் மில்லர் எடுத்த 'தி க்ரூஸ்' என்ற கறுப்பு வெள்ளைப் படம் 1998-ல் வெளிவந்தது. மூச்சு விடாமல் சரித்திரமும் கவிதையும் பிதற்றலும் கலந்து பொழியும் அந்த மனிதரின் எதிரே, பிரயாணிகள் கட்டடத்தைப் பார்ப்பதா, இவரைப் பார்ப்பதா என்று திகைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

கறுப்பு பஸ்

லண்டனுக்கு வந்தால், இந்தக் கலையின் நாடக வடிவத்தைக் காணலாம். 1956-ல் வீதிக்கு வந்து, 2005 டிசம்பரில் அன்றாடச் சேவையிலிருந்து ஓய்வு பெற்ற ரூட்மாஸ்டர் என்னும் சிவப்பு மாடி பஸ்ஸை அறியாதவர்கள் இல்லை. அதே பஸ்ஸுக்குக் கறுப்பு வர்ணம் பூசி, பேய் பஸ் என்று பெயரிட்டு, டிரபால்கர் சதுக்கத்தின் அருகிலிருந்து மாலையில் ஓட்டுகிறார்கள். இது ஒரு காலத்தில் பிரேதங்களை ஏற்றிச் சென்ற கம்பெனியின் வண்டி என்பது அவர்கள் கட்டிய கதை. மங்கிய வெளிச்சத்தில், கண்டக்டர் வேஷத்தில் வரும் நடிகர், கொலையும் தூக்குத் தண்டனையும் நடந்த இடங்களைப் பரம விசுவாசத்தோடு விவரிக்க, நடுநடுவே விளக்குகள் மினுக்கி அணைய, பிரயாணிகள் அலறுவதும் அலறியதற்காகத் தங்களையே பார்த்துச் சிரிப்பதுமாக நேரம் போகிறது.

கட்டுக்கதைக்கு அடியில் உள்ள நிஜம் இன்னும் விசித்திரமானது. காலராவும் ஜனப்பெருக்கமும் லண்டன் இடுகாடுகளை நிரப்பிவிட்ட பிறகு, 1854-ல் வாட்டர்லூவிலிருந்து புரூக்வுட் மயானத்துக்குச் சவங்களை ஏற்றிச் செல்லவே ஒரு ரயில் ஏற்பட்டது. 1941-ல் விமானக் குண்டு விழுந்து அதன் நிலையம் நாசமாகும் வரையில், உயிரோடிருந்தவர்களுக்கு மட்டுமின்றி மாண்டவர்களுக்கும் அதில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்ற பேதம் இருந்தது. உடன் சென்ற உறவினர்களுக்குப் போய்வரும் டிக்கெட். சவப்பெட்டிக்கு மட்டும் ஒருவழி டிக்கெட். விகடத்தை உத்தேசித்து எழுதியவன் எவனும் இதைவிடச் செவ்வையாக எழுதியிருக்க முடியாது.

பேய் பஸ் புறப்படும் டிரபால்கர் சதுக்கத்திலேயே, பொய்யையும் மெய்யையும் பற்றி ஒரு பாடம் உயரமாக நிற்கிறது. நெல்சன் தூணின் உயரம் 185 அடி என்றே புத்தகங்களும் வழிகாட்டிகளும் நெடுங்காலம் கூறி வந்தனர். 2006-ல் புதுப்பிக்கும் பணியின்போது அளந்து பார்த்ததில், அது சுமார் 169 அடிதான் என்று தெரிந்தது. கம்பீரமான முகத்தோடு பதினாறு அடியைத் தலைமுறை தலைமுறையாகக் கூட்டிச் சொன்ன பெரியவர்களை யாரும் விகடகவி என்று அழைக்கவில்லை. இப்படிப்பட்ட பொய்களிலிருந்து பிரயாணியைக் காக்கவென்று, வழிகாட்டிகளுக்குப் பரீட்சை வைத்து உரிமம் கொடுக்கும் நகரங்கள் உண்டு. உரிமமின்றிப் பேசினால் சிறைத்தண்டனைகூட விதிக்கலாம் என்றிருந்த வாஷிங்டன் நகரச் சட்டத்தை 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், பேச்சுரிமைக்கு விரோதமென்று தள்ளிவிட்டது. பிரயாணியைக் காப்பாற்றச் சட்டம் செய்ய முடியாததை, கறுப்பு பஸ்ஸின் கண்டக்டர் ஒரு வகையில் செய்துவிடுகிறார். எதையும் அப்படியே நம்பிவிடாதே என்ற எச்சரிக்கை அவர் தொப்பியிலேயே எழுதியிருக்கிறது.

பக்கவாட்டு ஆசனம்

நியூயார்க்கில் 1996-ல் தொடங்கிய ஒரு யாத்திரை, பொய்யும் மெய்யும் கலக்கும் இந்த மாயையை உச்சத்துக்குக் கொண்டுபோயிற்று. 'சைன்ஃபெல்ட்' என்ற தொலைக்காட்சி ஹாஸ்யத் தொடரில் வரும் கிரேமர் என்ற பாத்திரத்துக்கு மூலமாக இருந்த கென்னி கிரேமர், தொடரில் வரும் இடங்களை ஜனங்களுக்குக் காட்டப் பஸ் ஏற்பாடு செய்தார். மறு ஆண்டே அத்தொடர், தன் பாத்திரமும் அவ்வாறே ஒரு பஸ் யாத்திரை நடத்துவதாகக் கதை பண்ணி, அவரைக் கேலி செய்தது. மனிதனைப் பார்த்துப் பாத்திரம், பாத்திரத்தைப் பார்த்து யாத்திரை, யாத்திரையைப் பார்த்து மறுபடி பாத்திரம் என்று, எதிரெதிராக வைத்த கண்ணாடிகள்போல் அது நீண்டுகொண்டு போயிற்று.

2010-ல் வந்த 'தி ரைடு' என்ற பஸ் யாத்திரை செய்த மாறுதல் ஆசனத்தில். பிரயாணிகளை முன்னோக்கி உட்கார வைக்காமல், அரங்கத்தில்போல் பக்கவாட்டில் திருப்பி, பெரிய கண்ணாடி வழியாக நடைபாதையை நேரே பார்க்கும்படி வைத்தார்கள். அலுவலகம் போகிறவர்போல் பெட்டியோடு வந்தவர் திடீரென்று தாளக்காலணி நடனம் ஆடுவார். ஒருவர் பாட ஆரம்பிப்பார். அவர்கள் கம்பெனியின் நடிகர்கள். ஆனால், அடுத்து வருகிற உண்மையான பாதசாரி நடிகரா இல்லையா என்று பஸ்ஸில் இருப்பவர்களுக்கு விளங்காது; சாதாரணமாகக் கொட்டாவி விட்டவருக்கும் கைதட்டல் கிடைக்கும். அந்தப் பாதசாரியோ, கண்ணாடிக்குள் வரிசையாக உட்கார்ந்து தம்மைப் பார்த்துக் கைதட்டும் கூட்டத்தைக் கண்டு நின்று, அவர்களைத் தாமும் வேடிக்கை பார்ப்பார். ரப்பர் கழுத்து நீட்டியவர்களை நூறாண்டுக்கு முன் உள்ளூர்க்காரர் பார்த்துச் சிரித்த சிரிப்பை, இப்போது கம்பெனியே ஏற்பாடு செய்து, டிக்கெட்டின் விலைக்குள் சேர்த்துக் கொடுத்துவிட்டது.

ஆகவே, ஒரு ஹாஸ்ய பஸ்ஸின் தரத்தை அறிவதற்கு, அதில் எத்தனை பேர் சிரித்தார்கள் என்று கணக்கெடுப்பதைக் காட்டிலும், சிரிப்பு ஜன்னலுக்கு எந்தப் பக்கம் விழுந்தது என்று கவனிப்பதே சிறந்த பரீட்சை. பஸ்ஸில் ஏறியவர்களைப் புறப்பட்ட இடத்திலேயே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள்; அவர்கள் போய்வரும் டிக்கெட் வாங்கியவர்கள். போலி அபின் கிடங்குக்கு அடுத்த வீட்டில் குடியிருந்த சீனருக்கு அப்படிப்பட்ட டிக்கெட் கிடையாது. வண்டி போனபின்பும் அவர் அதே தெருவில்தான் இருந்தார். கேலி யார் மேல் விழுந்தாலும், அதை உதறிவிட்டு வீடு திரும்பக் கையில் மறுபாதி டிக்கெட் உள்ளவர் மேல் விழட்டும்.