கற்றவர் நிற்கும் இடம்: குருதிப்புனல், பழையன கழிதலும், கருக்கு

முன்னுரை

நிலம் உடையோர், உழைப்போர் என்னும் பிரிவே கிராமத்து அரசியலின் அணிகளை வகுக்கிறது என்பது தமிழ் நாவல் திறனாய்வில் வேரூன்றிய கருத்தாகும். வர்க்கத்தோடு சாதியையும் இணைத்தே காணவேண்டும் என்று தலித் இலக்கியத் திறனாய்வு பின்னர் வலியுறுத்தியது. இவ்விரு நோக்குகளும் இன்றியமையாதவை. ஆயினும், படைப்புகளை நெருங்கி நோக்குங்கால் மூன்றாவதாக ஒரு கோடும் புலப்படுகிறது. கல்வி எதற்கு, கற்றவன் யார் பக்கம் என்னும் வினாக்களுக்கு ஒவ்வொரு தரப்பும் அளிக்கும் விடை, அணிபிரிதலின் வடிவத்தையே மாற்றிவிடுகிறது. ஒரே வர்க்கத்துக்குள்ளும், ஒரே சாதிக்குள்ளும், ஒரே வீட்டுக்குள்ளும் இக்கோடு ஓடுகிறது.

இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975), ப. சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989), பாமாவின் ‘கருக்கு’ (1992) ஆகிய மூன்று படைப்புகளை முன்வைத்து இக்கருத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். முதலிரண்டும் நாவல்கள், மூன்றாவது தன்வரலாற்றுத் தன்மையது. வகைமை வேறுபடினும், கற்றவர் நிற்கும் இடத்தைச் சிக்கலாக்கிக் காட்டுவதில் மூன்றும் ஒன்றுபடுகின்றன.

விளக்கும் உரிமை

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். இறந்தோர் கூலி உயர்வு கேட்ட தலித் உழவுத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தோர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளுமே மிகுதி. கீழமை நீதிமன்றம் சிலருக்குத் தண்டனை விதித்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. மிகுந்த நிலமும் செல்வமும் உடைய மிராசுதார்கள், அவர்களுள் ஒருவர் கார் வைத்திருப்பவர், வேலையாள்களை அனுப்பாமல் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பார்கள் என்பது நம்புதற்கு அரியது என்ற கருத்து அத்தீர்ப்பில் இடம்பெற்றது. செல்வநிலையே ஒழுக்கத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்ட இடம் இது. கற்றறிந்த நிறுவனம் ஒன்று யாருடைய சொல்லை எளிதில் நம்பும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் ஆவணம் அரிது.

இந்நிகழ்வைப் பின்புலமாகக் கொண்ட ‘குருதிப்புனல்’ 1977ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதினைப் பெற்றது. தில்லியிலிருந்து கிராமத்துக்கு வந்து தங்கும் கோபால், அவனைக் காண வரும் நண்பன் சிவா, உள்ளூரில் இயங்கும் இடதுசாரி ராமய்யா ஆகியோரின் உரையாடல்கள் வழியாகவே நாவலின் சிந்தனைத் தளம் பெரிதும் கட்டமைக்கப்பட்டுள்ளது. நிலக்கிழார் கண்ணையா நாயுடுவின் கொடுமைக்கு அவரது ஆண்மைக்குறை ஓர் உளவியற் காரணமாக நாவலில் முன்வைக்கப்படுகிறது. கூலிப் போராட்டத்தை ஃபிராய்டியச் சிக்கலாகச் சுருக்கிவிட்டது என்று முற்போக்குத் திறனாய்வாளர்கள் அப்போதே கடிந்தனர்.

அக்கண்டனம் நியாயமானதே, எனினும் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து. ஃபிராய்டின் இடத்தில் மார்க்சை வைத்து நாவலை மாற்றி எழுதியிருந்தாலும் அதன் அடிப்படைக் குறை நீங்கியிராது. எந்த விளக்கம் சரி என்பதைக் காட்டிலும், விளக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே இங்கு முதன்மையான வினா. நாயுடுவின் மனத்தை ஆராய்வோரும், புரட்சியின் தேவையை வாதிடுவோரும், வன்முறையின் அறத்தை எடைபோடுவோரும் கற்றவர்களே. அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட மனிதர்கள் அவ்விவாதத்தின் பொருளாகின்றனர், விவாதிப்போர் ஆவதில்லை. கூலியை அளந்து வாங்கும் ஒருவருக்குத் தம் நிலைமை குறித்த கோட்பாடு இல்லாமல் இருக்க இயலாது. அரைப்படி கூடுதலாகக் கேட்பதே ஒரு கோட்பாடுதான்.

ஆயினும் நாவலை இந்த அளவில் ஒதுக்கிவிடுதல் தகாது. கோபாலின் வருகையில் ஒருவகைக் குற்றவுணர்வு இருக்கிறது. நகரத்து அறிவுவாழ்வின் வெறுமையிலிருந்து தப்பிவந்தவன், கிராமத்தில் தனக்குப் பயன் இருக்கும் என்று நம்புகிறான். தில்லிப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் தமிழ் கற்பித்த ஆசிரியர், கற்ற நடுத்தர வர்க்கத்தின் இந்த ஏக்கத்தை உள்ளிருந்து அறிந்து எழுதியுள்ளார். அவ்வகையில் ‘குருதிப்புனல்’ உழவுத் தொழிலாளரைப் பற்றிய நாவல் என்பதினும், அவர்களிடம் வந்து சேர விரும்பிய கற்றவரைப் பற்றிய நாவல் என்பதே பொருந்தும். அவ்வாறு வாசிக்கும்போது அதன் குறையே அதன் சான்றாகிவிடுகிறது.

மனுவின் மொழி

வெளியிலிருந்து வரும் கற்றவரைக் குருதிப்புனல் காட்டியது என்றால், ஒடுக்கப்பட்ட சமூகத்தின் உள்ளேயே எழுத்து எவ்வாறு அதிகாரமாகிறது என்பதைப் ‘பழையன கழிதலும்’ காட்டுகிறது. நாவல் தங்கம் என்னும் கைம்பெண்ணோடு தொடங்குகிறது. ஆதிக்கச் சாதி நிலக்கிழாரோடு உண்டான தொடர்பின் காரணமாக, அவருடைய மனைவியைச் சேர்ந்தவர்களால் கொடுமையாக அடிக்கப்பட்ட அவள், தலித் தலைவர் காத்தமுத்துவிடம் வந்து முறையிடுகிறாள். காவல் நிலையத்துக்கான புகாரைக் காத்தமுத்து அமைக்கும் முறை கூர்ந்து நோக்கத்தக்கது. நடந்தது நடந்தவாறே எழுதப்படுவதில்லை. ஊர்த்தெரு வழியே நடந்து சென்றமைக்காக அவள் தாக்கப்பட்டதாகப் புகார் உருப்பெறுகிறது.

இதனை வெறும் பொய் என்று கொள்ளுதல் மேலோட்டமான வாசிப்பாகும். பொது வழியைப் பயன்படுத்தவிடாமல் தீண்டாமையின் பெயரால் தடுப்பது குற்றம் என 1955ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அரசு எந்தத் துன்பத்தை வாசிக்கும், எதை வாசிக்காது என்பதைக் காத்தமுத்து அறிந்தவர். தங்கத்தின் உண்மைக் கதையோ நிலமும் காமமும் குடும்பச் சொத்தும் பின்னிக் கிடப்பது. காவல் நிலையத்தில் அவளது ஒழுக்கத்தைக் கேள்விக்குள்ளாக்கவே பயன்படும். எனவே அவள் துன்பத்தை அரசு வாசிக்கக்கூடிய வடிவில் அவர் மொழிபெயர்க்கிறார். இது திறமை, ஒருவகையில் பரிவும்கூட. ஆனால் இம்மொழிபெயர்ப்பில் தங்கத்தின் சொல் தங்கத்திடமிருந்து பிரிந்துவிடுகிறது. பின்னர் அவளுக்காகப் பெறப்படும் இழப்பீட்டுப் பணத்தைக் காத்தமுத்துவே கையாள்கிறார். அவளும் அவர் வீட்டுப் பெண்களுள் ஒருத்தியாகிறாள். மனுவை எழுதியவர் மனுதாரரையே உடைமையாக்கிக் கொள்ளும் இந்தப் போக்கு, இடைத்தரகு அரசியலின் இலக்கணத்தைச் சுருங்கக் காட்டிவிடுகிறது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பவள் காத்தமுத்துவின் மகள் கௌரி. தேர்வில் தேறுவது அவளுக்குத் திருமணத்திலிருந்து தப்பும் வழி. தந்தையின் வீட்டிலிருந்து வெளியேறும் வழி. தந்தைக்கு எழுத்து பேரம் பேசும் கருவி. மகளுக்கு அதே எழுத்து அப்பேரத்தை மதிப்பிடும் அளவுகோல். மற்றொரு புறம், ஆலைத் தொழிலாளரிடையே இயங்கும் சந்திரன் சாதி கடந்த சங்கத்தைக் கட்ட முனைகிறான். ஆக, ஒரே குடும்பத்தில் மூன்று அரசியல்கள் உருவாகின்றன: மனுவின் அரசியல், பட்டத்தின் அரசியல், சங்கத்தின் அரசியல். இம்மூவரும் ஒரே சாதியினர். அவர்களை வெவ்வேறு திசைகளில் நிறுத்துவது எழுத்தையும் அறிவையும் பற்றிய அவரவர் எதிர்பார்ப்பே எனலாம்.

பட்டமும் இருக்கையும்

‘கருக்கு’ இதே வினாவை ஒரு தன்வாழ்வின் அளவில் எழுப்புகிறது. நன்றாகப் படித்து முன்னேறினால் இழிவுகளைத் தூக்கியெறியலாம் என்று சிறுமிக்கு அவள் அண்ணன் அறிவுறுத்துகிறார். அவளும் வகுப்பில் முதலிடம் பெறுகிறாள். ஒடுக்கப்பட்டோர் கல்வி மீது வைத்த நம்பிக்கையின் செறிவான வடிவம் இது.

அந்த அண்ணனைப் பற்றிய சிறு நிகழ்ச்சி ஒன்றையும் நூல் பதிவுசெய்கிறது. நூலகத்தில் கையொப்பமிடும்போது அவர் தம் பெயரோடு எம்.ஏ. என்னும் பட்டத்தையும் சேர்த்து எழுதுகிறார். உடனே அங்குள்ள பணியாளர் அவர் அமர்வதற்கு முக்காலியைக் கொண்டுவந்து போடுகிறார்; மரியாதைச் சொல்லால் அழைக்கவும் தொடங்குகிறார். இந்நிகழ்ச்சியைக் கல்வியின் வெற்றியாக வாசிப்பதே வழக்கம். ஆனால் அந்த இருக்கை மனிதருக்காக வந்ததன்று, பட்டத்துக்காக வந்தது. அவர் பிறந்த தெருவிலிருந்து பட்டமில்லாமல் வரும் அடுத்தவருக்கு அது வராது. கல்வி தனிமனிதருக்கு விலக்கு அளிக்கிறது. விதியை அப்படியே விட்டுவைக்கிறது. விலக்குப் பெற்றவரைக் காட்டி, விதியே இல்லை என்று வாதிடவும் வழி பிறக்கிறது. இன்று தகுதி என்னும் சொல்லைச் சுற்றி எழும் அரசியல் பிளவுக்கு இந்த முக்காலியும் ஒரு விளக்கமாகும்.

நூலின் பிற்பகுதி இவ்வையத்தை மேலும் ஆழப்படுத்துகிறது. கல்லூரி விருந்துக்கு உடுத்தத் தகுந்த சேலை இல்லாமையால் குளியலறையில் ஒளிந்துகொள்ளும் மாணவி, பின்னர் ஏழைக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்யத் துறவியாகிறார். ஆனால் அங்கு வசதி படைத்தோர் பிள்ளைகளுக்கே கற்பிக்க நேர்கிறது. மடத்தின் வாழ்க்கை ஏழ்மையைப் பற்றிப் பேசுகிறது. ஏழ்மையை அறியாமல் நடக்கிறது. இதற்கு வெளியே இன்னொரு கதவும் அடைபட்டுள்ளது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களோடு இணைத்தது. அது 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரிவாக்கப்பட்டது. கிறித்தவருக்கு அவ்விரிவு அளிக்கப்படவில்லை. தெருவில் தலித்தாகவும் அரசின் பட்டியலில் வேறாகவும் வாழ்வோருக்குக் கல்வி ஒருபோதும் நடுநிலையான ஏணியாக இருந்ததில்லை.

துறவை விட்டு வெளியேறிய பின், நூலின் குரல் எங்கும் பொருந்தாத நிலையில் நிற்கிறது. மடத்தின் வசதிக்குத் திரும்ப இயலாது. ஊரோடு முழுமையாகக் கரையவும் இயலாது. கோபால் கிராமத்துக்கு வந்தவன். ‘கருக்கு’ நூலின் குரலோ திரும்பி வந்தது. வந்தவர் விளக்கினார், திரும்பியவர் சாட்சி சொல்கிறார். பேச்சுவழக்கையே நூல்முழுதும் எழுத்துமொழியாகக் கொண்டமையும், கற்ற மொழி ஏற்படுத்திய இடைவெளியைக் குறைக்கும் முயற்சி என்று கருத இடமுண்டு.

தன்னையே வினவும் எழுத்து

தலித் தலைவரைக் குறைகளோடு தீட்டியமையால் ‘பழையன கழிதலும்’ அக்காலத்தே விவாதத்துக்கு உள்ளானது. சிவகாமி பின்னர் ‘ஆசிரியர் குறிப்பு’ என்னும் தொடர்ச்சியை எழுதினார். அதில் நாவலாசிரியை தம் நாவலையே மீண்டும் வாசிக்கிறார். தந்தையொத்த பாத்திரத்துக்கு நீதி செய்தோமா என்று தம்மையே விசாரிக்கிறார். பள்ளிக்கூடமும் கல்லூரியும் அளித்த அளவுகோலால், அவ்வாய்ப்புப் பெறாத தலைமுறையை அளப்பது எவ்வளவு அறமாகும் என்பதே அவ்விசாரணையின் உட்பொருள். காத்தமுத்து பிறர் சார்பில் மனு எழுதினார். கௌரியின் தலைமுறை பிறர் சார்பில் நாவல் எழுதியது. சார்பில் எழுதுதல் என்னும் செயலில் இரண்டும் ஒன்றே என்பதைப் படைப்பாளியே ஒப்புக்கொள்ளும் நேர்மை இங்குப் புலனாகிறது.

நிறைவுரை

மூன்று படைப்புகளும் கல்வியை மறுப்பன அல்ல. கல்வி தானாகவே விடுதலை தரும் என்னும் எளிய நம்பிக்கையை அவை மறுக்கின்றன. ‘குருதிப்புனல்’ நாவலில் கல்வி விளக்கும் உரிமையாகவும், ‘பழையன கழிதலும்’ நாவலில் மனுவின் அதிகாரமாகவும், ‘கருக்கு’ நூலில் தனிமனித விலக்காகவும் இயங்குகிறது. இம்மூன்று நிலைகளும் புதிய அணிகளைத் தோற்றுவிக்கின்றன. பழைய வர்க்கக் கோட்டின்மேல் மற்றொரு கோட்டை வரைகின்றன. கற்றவர் மீது கல்லாதவர் கொள்ளும் ஐயத்தை அறியாமை என்று ஒதுக்கும் அரசியலும், அந்த ஐயத்தையே முதலாக்கிக் கல்வியை இகழும் அரசியலும் இவ்விடத்திலேயே தோல்வியுறுகின்றன. அந்த ஐயம், தங்கத்தைப் போல், தன் கதை வேறொருவர் கையெழுத்தில் போவதைக் கண்டவரின் அனுபவ அறிவாகும்.

இம்முடிவு திறனாய்வாளரையும் தொடுகிறது. தமிழகத்துக்கு வெளியே, தொலைவிலுள்ள வகுப்பறைகளில் இப்படைப்புகளைக் கற்பிப்போரும் கோபாலைப் போல் விளக்கும் இடத்திலேயே நிற்கின்றனர். அவ்விடத்தைத் துறத்தல் இயலாது. துறந்துவிட்டதாகக் கூறுவது பொய்யாகும். விளக்குவதற்கு முன் யார் சொல்லை யார் எழுதினார் என்று கேட்பதும், முதல் தலைமுறையாகக் கற்கவரும் மாணவர் அதே பக்கத்தை வேறுவிதமாக வாசிக்கும்போது அவ்வாசிப்புக்கு இடம்விடுவதும் இயலும். வகுப்பறையில் அந்த முக்காலி பட்டத்தைப் பார்த்துப் போடப்படாதிருத்தல் வேண்டும்.