மரவெட்டிகள் போட்ட பாதை

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் அவுல்ஸ் ஹெட் என்று ஒரு மலை இருக்கிறது. உயரம் நாலாயிரம் அடிக்குக் கொஞ்சம் மேலே. போய்வர கிட்டத்தட்ட 29 கிலோமீட்டர் நடக்க வேண்டும். ஏறி முடித்தால் ஊசியிலை மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன இடைவெளி, அவ்வளவுதான். பள்ளத்தாக்கு, அடிவானம், எதுவும் தெரியாது. அந்த மாநிலத்தின் 48 நாலாயிரம் அடி மலைகளையும் ஏறியே தீருவேன் என்று கிளம்பியவர்கள்தான் பெரும்பாலும் அங்கே போகிறார்கள். பல வருஷமாக அவர்கள் தொட்டுவிட்டுத் திரும்பிய இடம் உச்சியே இல்லை, அசல் உச்சி இன்னும் சற்று வடக்கே இருக்கிறது என்று பிறகு தெரியவந்தது. காடு அவ்வளவு அடர்த்தி.

அந்த மலைக்குப் போனபோது என் தலைக்குள் ராபர்ட் ஃப்ராஸ்ட் ஓடிக்கொண்டிருந்தார். நமக்குத் தெரிந்த ஃப்ராஸ்ட் சி.பி.எஸ்.இ. ஒன்பதாம் வகுப்பின் ஃப்ராஸ்ட். ஒரு காடு, இரண்டு பாதை, நான் தேர்ந்தெடுத்தேன், என் வாழ்க்கை மாறியது. இரண்டு பாதையும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேய்ந்திருந்தன என்று கவிதையே சொல்கிறது. அதைக் கவனிக்காமல் அதைத் தன்னம்பிக்கைப் போஸ்டராக்கிவிட்டோம். என் சந்தேகம் வேறு: அந்தப் பாதைகளைப் போட்டது யார்?

அவுல்ஸ் ஹெட்டுக்குப் போகும் வழியில் இந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. முதல் சில கிலோமீட்டர் சமதளம், ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி நேர். காரணம், அது ஒரு ரயில் தடம். ஜே. ஈ. ஹென்றி என்ற மர முதலாளி 1893இல் தொடங்கிய ரயில். 1948 வரை காட்டுக்குள்ளிருந்து மரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. சில இடங்களில் ஸ்லீப்பர் கட்டைகள் இன்னும் காலில் தட்டுகின்றன. (டாப்ஸ்லிப் என்ற பெயரே மரத்தை மேலேயிருந்து உருட்டிவிட்டதால் வந்ததுதான். அங்கே போகிற நம்மில் எத்தனை பேருக்கு அது ஞாபகம் இருக்கும்?)

மரம் இழுக்கும் பாதை மரம் மாதிரியே கிளைக்கிறது. ஒரு தண்டு, அதிலிருந்து கிளை, கிளைக்குக் கிளை, கடைசியில் கட்டைகளை அடுக்கிய களம். புரோக்ராம் எழுதுகிறவர்களுக்குப் பழக்கமான வடிவம். ஆனால் எந்தக் கிளையும் உச்சிக்குப் போகாது. அங்கே இருப்பது குட்டை மரங்கள், வெட்டினாலும் காசு இல்லை. அதனால் கடைசி ஏற்றம் பழைய நிலச்சரிவு ஒன்றின் கற்கள்மேல்தான். பாதைக்கு உங்கள் லட்சியம் தெரியாது.

இந்த நடைக்குப் பொருத்தமான ஃப்ராஸ்ட் கவிதை 1914இல் ‘நார்த் ஆஃப் பாஸ்டன்’ தொகுப்பில் வந்த ‘தி வுட்-பைல்’. உறைந்த சதுப்புக்காட்டில் ஒருவன் நடக்கிறான். எல்லா மரமும் ஒன்றுபோலவே இருப்பதால் எங்கே நிற்கிறோம் என்று அவனுக்கே புரியவில்லை. திடீரென்று ஒரு விறகடுக்கு. நாலடிக்கு நாலடிக்கு எட்டடி, அளந்து பிளந்து அடுக்கிய மேப்பிள். பல வருஷம் பழையது, கொடி சுற்றியிருக்கிறது. அடுக்கியவனைக் காணோம். புதுப்புது வேலைகளில் திளைக்கிறவனால்தான் இவ்வளவு உழைப்பை மறந்துபோக முடியும் என்று நினைத்துக்கொள்கிறான். ஃப்ராஸ்டை மனப்போஸ்டராக்கியவர்கள் இந்தக் கவிதையைத்தான் படித்திருக்க வேண்டும். காட்டின் நடுவே தன்னைத் தேடிப் போனவனுக்கு வேறொருவனின் வேலை கிடைக்கிறது.

ஆனால் எனக்கு இடறுவதும் அந்த இடம்தான். அவன் மறந்துவிட்டான் என்று எப்படித் தெரியும்? செத்திருக்கலாம். கால் முறிந்திருக்கலாம். கூலி தகராறில் பாதியில் போயிருக்கலாம். கைவிடப்பட்ட உழைப்பைப் பார்த்ததும் கவிதை அதைச் சுதந்திரமாக வாசிக்கிறது. சொந்த நிலத்தில் சொந்தக் கோடரியோடு நிற்கும் நியூ இங்கிலாந்து விவசாயிக்கு அது பொருந்தலாம். ஹென்றியின் ஆட்களுக்குப் பொருந்தாது. ஒரு சரிவு மொட்டையானதும் அடுத்த சரிவுக்கு அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். அவர்கள் தங்கிய முகாம்களை எண்களால்தான் அழைத்தார்கள். அவர்கள் விட்டுப்போன காய்ந்த கிளைக்குப்பை தீக்குத் தீனியானது. 1907இல் அவுல்ஸ் ஹெட் எரிந்தது. ஃப்ராஸ்ட் 1915இல் ஃபிரான்கோனியாவில் பண்ணை வாங்கிக் குடியேறினார். மலைமுகட்டுக்கு மறுபக்கம் அப்போதும் மர ரயில் ஓடிக்கொண்டிருந்தது.

கவிதை பொய் என்று சொல்லவில்லை. அந்தக் கணிப்பு நடப்பவனுடையது, ஃப்ராஸ்டுடையது அல்ல என்று வாதாட இடமிருக்கிறது. அடுக்கை ஒரு பக்கம் உயிருள்ள மரமும் மறுபக்கம் விழப்போகிற முட்டுக்கட்டையும் தாங்குகின்றன என்று ஒரு விவரம் வருகிறது. நம்பிக்கையான ஆள் அந்த முட்டுக்கட்டையைக் கவனித்திருக்க மாட்டான். ஆனாலும் நாம் வாசிப்பது நடப்பவனின் நிம்மதியைத்தான். சொல்லப்போனால், நான் எழுதிய ட்ரெக்கிங் கட்டுரைகள் எல்லாவற்றிலும் இதே நிம்மதி இருக்கிறது. ஒன்றிலாவது கூலியாள் வந்ததில்லை.

இறங்கும்போது பாதையிலிருந்து பத்தடி தள்ளி ஒரு துருப்பிடித்த அடுப்புத் தகடு கிடந்தது. பழைய முகாமுடையதாக இருக்கலாம். அங்கே அதை எடுத்துப்போவது சட்டப்படி குற்றம். குனிந்து பார்த்தேன், நடுவில் ஒரு பிர்ச் கன்று முளைத்திருந்தது. இன்னும் மூன்று மணி நேர நடை இருந்தது, கிளம்பிவிட்டேன்.