தங்க ட்ரைடல் நேர்மையாக விழுமா?

2019ஆம் ஆண்டின் இறுதியில் நியூயார்க் நகை நிறுவனம் ஒன்று தங்கத்தில் வைரம் பதித்து ஒரு ட்ரைடல் செய்தது. அதன் மதிப்பு 70,000 அமெரிக்க டாலர். உலகிலேயே விலை உயர்ந்த ட்ரைடல் என்று கின்னஸ் அதைப் பதிவு செய்துகொண்டது. அது தனியொரு அதிசயம் அல்ல. வெள்ளியிலும் தங்கத்திலும் படிகக் கண்ணாடியிலும் ட்ரைடல் செய்து விற்பது இன்று ஒரு நிலையான தொழில். யூதர்களின் விளக்குத் திருநாளான ஹனுக்கா நெருங்கும்போது நகைக்கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் அவை வந்து உட்கார்ந்துவிடுகின்றன. குழந்தைகள் தரையில் சுற்றி விளையாடும் ஒரு பொருளைப் பொன்னில் செய்வது பாராட்ட வேண்டிய கலையா, பொருளின் உயிரையே எடுத்துவிடும் ஆடம்பரமா? பொத்தாம்பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது, பட்டறையில் அதற்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால்தான் கிடைக்கும்.

ட்ரைடல் என்பது நான்கு பட்டை கொண்ட சிறு பம்பரம். கயிறு கிடையாது, மேலே உள்ள காம்பை இரு விரலால் திருகிவிட வேண்டும். சுழன்று ஓய்ந்து ஒரு பக்கமாகச் சாயும்போது எந்தப் பட்டை மேலே நிற்கிறதோ, அதிலுள்ள எழுத்துதான் தீர்ப்பு. நம்மூர்த் தாயக்கட்டையைச் சுழலவிட்டதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். பட்டைக்கு ஒன்றாக நான்கு எபிரேய எழுத்துகள். நூன் விழுந்தால் ஒன்றுமில்லை. கிமெல் விழுந்தால் நடுவில் குவித்திருப்பது முழுவதும் உனக்கு. ஹே என்றால் பாதி. ஷின் என்றால் உன் கையிலிருந்து ஒன்றை எடுத்து வைக்க வேண்டும். பந்தயப் பொருள் கொட்டைப் பருப்பு, சில்லறைக் காசு, இப்போதெல்லாம் தங்கத்தாள் சுற்றிய சாக்லேட் நாணயம்.

செலூக்கிய மன்னன் நான்காம் அந்தியோக்கஸ் யூத வேதமான தோராவைப் படிப்பதைத் தடைசெய்த காலத்தில் பிள்ளைகள் ஒளிந்து படித்தார்கள், படைவீரர்கள் வந்தால் பம்பரத்தை எடுத்து ஆடுவதுபோல நடித்தார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் விளையாட்டின் விதிகள் ஐரோப்பியச் சூதாட்டப் பம்பரத்திலிருந்து வந்தவை. எல்லாம், பாதி, ஒன்றுமில்லை, வை என்ற நான்கு ஜெர்மன் கட்டளைகளின் முதலெழுத்துகளே எபிரேய எழுத்துகளாக மாறின. ஹனுக்கா அற்புதத்தைக் குறிக்கும் 'அங்கே ஒரு பெரிய அற்புதம் நிகழ்ந்தது' என்ற பொருள் பின்னால் அவற்றில் ஏற்றப்பட்டது. இஸ்ரேலில் 'அங்கே' என்பதை 'இங்கே' என்று மாற்றி, ஷின் இருந்த இடத்தில் பே என்ற எழுத்தை வைத்துக்கொண்டார்கள். தெருவில் உருண்ட சூதாட்டக் கருவியை ஒரு சமூகம் தன் நினைவைச் சுமக்கும் பொருளாக ஆக்கிக்கொண்டது என்பதே எனக்கு அந்த ஒளிந்து படித்த கதையைவிடப் பெரிதாகப் படுகிறது.

இதை விலை உயர்ந்த உலோகத்தில் செய்வதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. சடங்குப் பொருளை அழகாகச் செய்வது யூத மரபில் ஒரு கடமையாகவே வளர்ந்தது. அழகான ஊதுகொம்பு, அழகான திருநாள் பந்தல், நல்ல மையில் தேர்ந்த கையால் எழுதிய தோராச் சுருள் என்று யூதச் சட்ட நூலான தால்முட் அடுக்கிச் சொல்கிறது. தோராச் சுருளுக்கு வெள்ளிக் கிரீடம், ஓய்வுநாள் முடியும்போது முகரும் வாசனைப் பொருளுக்குக் கோபுர வடிவில் வெள்ளிச் சிமிழ் என்று இந்தக் கலை செழித்தது. இதில் ஒரு வேதனையும் கலந்திருக்கிறது. ஐரோப்பிய நகரங்கள் பலவற்றில் பொற்கொல்லர் சங்கங்கள் யூதர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அதனால் ஆக்ஸ்பர்க், பிராங்பர்ட் போன்ற ஊர்களில் ஜெபக்கூடத்து வெள்ளிப் பொருள்களைப் பெரும்பாலும் கிறிஸ்தவக் கொல்லர்களே செய்தார்கள். தன் திருநாள் பொருளைத் தன் கையால் பொன்னில் செய்யும் வாய்ப்பு பல தலைமுறை யூதர்களுக்கு இல்லாமலிருந்தது. 1906இல் ஜெரூசலத்தில் போரிஸ் ஷாட்ஸ் பெசலேல் கலைப்பள்ளியைத் தொடங்கினார். ஏமனிலிருந்து வந்த யூத வெள்ளிக் கொல்லர்களை அதன் பட்டறைகளில் உட்காரவைத்து, அவர்களுடைய நுண்ணிய கம்பி வேலையைத் திருநாள் பொருள்களுக்குக் கொண்டுவந்தார். அது ஒரு மீட்பு. வைரத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் ஒருவர் இன்று நியூயார்க்கில் ஒரு ட்ரைடலுக்குத் தன் முழுத் திறமையையும் செலவிடும்போது அந்த மீட்பின் தொடர்ச்சி அதில் இருக்கிறது. அதை வெறும் பணத்திமிர் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அழகுபடுத்தச் சொன்ன அதே மரபு அதற்கு ஓர் எல்லையும் போட்டது. மதக் கட்டளையை அழகாக நிறைவேற்ற மூன்றில் ஒரு பங்குவரை கூடுதலாகச் செலவிடலாம் என்பது தால்முட் கணக்கு. அதுவும் கட்டளையிடப்பட்ட பொருளுக்கு. ஹனுக்காவில் கட்டளை விளக்கேற்றுவதுதான். ட்ரைடல் வெறும் வழக்கம். விளக்கிலும்கூட, சிறப்பாகச் செய்ய விரும்புகிறவர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு தால்முட் விலை உயர்ந்த விளக்கைச் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு சுடர் போதும். சிறப்பு வேண்டுவோர் ஆளுக்கு ஒன்று ஏற்றட்டும். இன்னும் சிறப்பு வேண்டுவோர் நாளுக்கு ஒன்றாகக் கூட்டட்டும் என்கிறது. 70,000 டாலர் ட்ரைடலுக்கு மரபைத் துணைக்கழைப்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

இனிப் பட்டறைக்கு வருவோம். கேள்வி உண்மையில் அங்கேதான் முடிவாகிறது.

இரண்டு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு கனசதுரத்தை பீச் மரத்தில் கடைந்தால் ஐந்தாறு கிராம் இருக்கும். அதையே 18 காரட் தங்கத்தில் முழுக்கட்டியாக வார்த்தால் ஏறக்குறைய 124 கிராம், அதாவது பதினைந்தரைப் பவுன் எடை. ஐந்து வயதுப் பிள்ளை இரு விரலால் திருகி அதைச் சுழற்ற முடியாது. அதனால் கைதேர்ந்தவர்கள் உள்ளே கூடு விட்டு வார்க்கிறார்கள்: மெழுகில் உரு, அதைச் சுற்றிச் சுண்ணக் கலவை, சூளையில் மெழுகு உருகி ஓடியபின் அந்த வெற்றிடத்தில் தங்கம். கூடு விடுவதில் நல்ல பலனும் உண்டு. எடை அச்சிலிருந்து விலகிச் சுவர்களில் நிற்பதால், அதே எடையுள்ள சிறு கட்டியைவிட அதிக நேரம் சுழலும். இந்த ஒரு விஷயத்தில் பொன் மரத்தை வென்றுவிடும். கனமான பம்பரம் நின்று சுழலும் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால் சுவர் ஒரு பக்கம் கால் மில்லிமீட்டர் தடித்துவிட்டாலும் போதும், அந்தப் பக்கம் கீழே போகப் பார்க்கும்.

அடுத்து எழுத்து. ஷின் மூன்று கிளை கொண்ட அகன்ற எழுத்து, நூன் ஒல்லியானது. உளியால் தோண்டி எழுதினால் ஷின் பட்டையிலிருந்து அதிகத் தங்கம் போகும், அந்தப் பக்கம் இலேசாகும், மேலே நிற்க முனையும். புடைப்பாக எழுதினால் ஷின் பக்கம் கனக்கும், கீழே போகும், அதற்கு நேர் எதிரே இருக்கும் கிமெல் மேலே வரும். தோண்டினால் 'வை', புடைத்தால் 'எல்லாம் எடு'. மர ட்ரைடலிலும் இது உண்டு என்றாலும், அது முழுக்கட்டி என்பதால் ஒரு கீறலில் போகும் எடை மொத்தத்தில் சிறு பங்குதான். கூடு விட்ட தங்கத்தில் ஒவ்வொரு கீறலுக்கும் எடை இருக்கிறது.

வைரம் வந்தபின் சிக்கல் இரட்டிக்கிறது. எழுத்தின் கோடு முழுவதும் பொடிக்கற்களை நெருக்கிப் பதிக்கும்போது கல்லுக்குக் கல் குழி துளைத்து, ஓரத்துத் தங்கத்தைச் சிற்றுளியால் கிளப்பிச் சிறு முத்துகளாக உருட்டிக் கல்லின்மேல் அமுக்குவார்கள். உருப்பெருக்கிக்குக் கீழே மணிக்கணக்கில் மூச்சடக்கிச் செய்யும் வேலை அது. அந்தக் கற்களில் பெரும்பகுதி சூரத்துப் பட்டறைகளில் பட்டை தீட்டப்பட்டவை. வேலையின் நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வைரத்தின் அடர்த்தி 3.5, 18 காரட் தங்கத்தின் அடர்த்தி சுமார் 15.5. தங்கம் போன இடத்தில் கல் உட்கார்ந்தால் அந்தப் பட்டை இலேசாகிறது. எந்த எழுத்துக்குக் கல் அதிகமோ அது மேலே வரும் வாய்ப்பு அதிகம். அதை ஈடுகட்டாமல் வெளியே அனுப்பப்படும் வைர ட்ரைடலை விளையாட்டுப் பொருள் என்று நான் ஏற்க மாட்டேன்.

எல்லாரும் ஒரே ட்ரைடலைத்தானே சுற்றுகிறார்கள், சாய்வு இருந்தால் எல்லாருக்கும் பொதுதானே என்று கேட்கலாம். ஒரு ட்ரைடலைச் சுற்றிச் சுற்றி ஆடும் வீட்டில் அது ஓரளவு சரி. அங்கும் ஆட்டம் கெடும். கிமெல் அடிக்கடி விழுந்தால் நடுவில் எதுவும் சேராது. ஷின் அடிக்கடி விழுந்தால் எல்லார் கையும் காலியாகும். ஆளுக்கொரு ட்ரைடல் வைத்து ஆடும் இடத்தில் அந்தச் சாய்வு அப்பட்டமான ஏமாற்று. விளையாட்டே சமமில்லாததுதான் என்று கணித அறிஞர்கள் காட்டியதும் உண்மை. மூன்று பேரோ அதற்கு மேலோ ஆடினால் முதலில் சுற்றுபவருக்கு அனுகூலம் என்று ராபர்ட் ஃபைனர்மன் 1976இல் நிறுவினார். ஆனால் அது விதியிலேயே உள்ள, கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய சாய்வு; இன்று நீ முதலில், நாளை நான் என்று பிள்ளைகள் முறை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம். பளபளப்புக்கு உள்ளே மறைந்திருக்கும் சாய்வை எந்தப் பிள்ளையாலும் சரிசெய்ய முடியாது.

இதைவிடப் பெரிய குறை, இந்த ட்ரைடல்களில் பல விழவே போவதில்லை என்பது. பேழையில் தாங்கியோடு வருகின்றன, தாங்கியிலேயே நிற்கின்றன. 1993 டிசம்பரில் ஹப்பிள் தொலைநோக்கியைப் பழுதுபார்க்கப் போன எண்டவர் விண்கலத்தில் விண்வெளி வீரர் ஜெஃப்ரி ஹாஃப்மன் ஒரு ட்ரைடலைச் சுழலவிட்டார். அங்கே அது கீழே விழாது, எந்த எழுத்தும் வராது. ஆனாலும் அது சுழன்றது, அதைப் பார்த்தவர்கள் மகிழ்ந்தார்கள். அலமாரியில் நிற்கும் தங்க ட்ரைடலுக்கு அந்தச் சுழற்சியும் கிடையாது. ஹனுக்கா விளக்கின் ஒளியை வேறு எந்த வேலைக்கும் பயன்படுத்தக்கூடாது, பார்க்க மட்டுமே வேண்டும் என்பது விதி. தொட்டு விளையாட என்று பிள்ளைகளுக்குக் கிடைத்தது ட்ரைடல். அதையும் பார்க்க மட்டுமே உரிய பொருளாக ஆக்குவது அவர்களுடைய பங்கைப் பிடுங்குவதுதான். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

ஏழை வீட்டுப் பிள்ளையின் முன்னால் இது எப்படி நிற்கும் என்ற கேள்வியும் இருக்கிறது. துக்க வீட்டுக்கு உணவு கொண்டுபோகும்போது செல்வர்கள் பொன், வெள்ளிக் கூடைகளிலும் எளியவர்கள் பிரம்புக் கூடையிலும் கொண்டுபோனார்கள், எளியவர்கள் கூசினார்கள், அதனால் எல்லாரும் பிரம்புக் கூடையிலேயே கொண்டுபோகட்டும் என்று அறிஞர்கள் விதி செய்தார்கள் என்று தால்முட் பதிந்திருக்கிறது. துக்கத்துக்குப் பொருந்தியது விளையாட்டுக்கு இன்னும் அதிகமாகவே பொருந்தும். கிழக்கு ஐரோப்பாவில் மரத்தில் குடைந்த அச்சில் ஈயத்தை உருக்கி ஊற்றி வீட்டிலேயே ட்ரைடல் வார்த்தார்கள். 1942இல் நாஜிகளின் தெரேசியன்ஸ்டாட் வதைமுகாமில் ஆர்னால்ட் சாடிகோவ் என்ற சிற்பி அங்கிருந்த பிள்ளைகளுக்காக ஒரு ஹனுக்கா விளக்கைச் செதுக்கினார். கிடைத்தது மரம்தான். அந்த விளக்கு இன்று நியூயார்க் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேலைப்பாட்டில் அது எந்தத் தங்க விளக்குக்கும் இளைத்ததல்ல. திறமைதான் அழகு தருகிறது, உலோகம் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேடவேண்டியதில்லை.

அப்படியானால் பொன்னும் வெள்ளியும் வேண்டவே வேண்டாமா? அப்படி நான் முடிவு கட்டவில்லை. பிளாஸ்டிக் ட்ரைடல் திருநாள் முடிந்ததும் குப்பைக்குப் போகிறது. வெள்ளியில் ஒன்று பாட்டியிடமிருந்து பேத்திக்குப் போகும், நடுவில் நாற்பது ஹனுக்கா ஆடியிருக்கும். அந்த வகை உழைப்பை நான் மனமார வரவேற்கிறேன். அதற்குக் கல்லை எழுத்தில் பதிக்காமல் காம்பின் அடியில் வளையமாகப் பதிக்கலாம். அச்சைச் சுற்றிச் சம இடைவெளியில் இருப்பதால் அது எந்தப் பக்கத்துக்கும் சாயாது, சுழலும்போது ஒளிக்கோடாகவும் தெரியும். எழுத்தை எனாமலில் மெலிதாக ஏற்றி, ஒவ்வொரு பட்டையின் எடையையும் உட்புறச் சுவரில் அரம் வைத்துச் சமன்செய்யலாம். முனையில் மென்மையான தங்கத்தை விடாமல் ஒரு கடினமான மாணிக்கக் குண்டை வைக்கலாம். இல்லாவிட்டால் கல் மேசையில் ஆட ஆட முனை தட்டையாகிவிடும். இவை எதுவும் நல்ல பொற்கொல்லருக்குப் புதிதல்ல. கைக்கடிகாரம் செய்பவர்கள் அன்றாடம் செய்வதே.

வாங்குபவர்களும் ஒன்றைக் கேட்க வேண்டும். கல்லுக்குச் சான்றிதழ் வருகிறது: காரட், நிறம், தெளிவு, பட்டை. தங்கத்துக்கு முத்திரை வருகிறது. ட்ரைடலை 400 முறை சுற்றிப் பார்த்து எந்த எழுத்து எத்தனை முறை விழுந்தது என்று எழுதிய தாளையும் சேர்த்துக் கேட்கட்டும். நான்கு எழுத்தும் ஏறத்தாழ நூறு நூறாக வந்திருந்தால் அந்தப் பட்டறைக்கு நான் தலைவணங்குவேன், விலை எதுவானாலும். ஒன்று 140, ஒன்று 60 என்று வந்திருந்தால், அதை மீண்டும் பட்டறைக்கே அனுப்ப வேண்டும்.