பாடியவளின் விலை

பால்டிக் கரை மக்கள் பாட்டுப் பாடியே விடுதலை வாங்கியவர்கள் என்றொரு பேச்சு இருக்கிறது. 1987 தொடங்கி 1991 வரை எஸ்தோனியா, லாத்வியா, லிதுவேனியா மூன்றிலும் சோவியத் ஆட்சிக்கு எதிராகப் பெருங்கூட்டம் கூடிப் பாடியது உண்மைதான். 'பாடும் புரட்சி' என்றே அதற்குப் பேர். எனக்கு அதில் மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பாட்டெல்லாம் முதலில் யாரு பாடுனது, யாரு எழுதி எடுத்தது, எடுத்து என்ன செய்தான் என்று கேட்கத் தொடங்கினால் கதை வேறு பக்கம் திரும்புகிறது. எஸ்தோனியரையும் லாத்வியரையும் பற்றி மட்டும் இங்கே பேசுகிறேன். மொழியால் இவர்கள் உறவினர்கூட இல்லை. எஸ்தோனிய மொழி பின்லாந்து மொழிக்குச் சொந்தம், லாத்விய மொழி லிதுவேனியத்துக்குச் சொந்தம். இருவரையும் சேர்த்துக் கட்டியது ஒரே நுகத்தடி. லிதுவேனியருக்குச் சொந்த அரசு இருந்தது, அது தனிக்கதை.

13ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர் என்ற பெயரில் ஜெர்மானியர் வந்து நிலத்தைப் பிடித்தார்கள். பிறகு ஸ்வீடன் ஆண்டது, ரஷ்யா ஆண்டது. பண்ணையார் மட்டும் மாறவில்லை. ரீகா நகரத்தில் மண்ணின் மக்களுக்கு வைத்த பேர் என்ன தெரியுமா? 'ஜெர்மானியர் அல்லாதவர்'. அவனுக்கென்று ஒரு பேர் கிடையாது, 'நம்மாளு இல்ல' என்பதுதான் பேர். எஸ்தோனிய மொழியில் 'சாக்ஸ்' என்றால் ஜெர்மானியன், ஆண்டை என்று இரண்டு பொருளும் உண்டு. இனத்தின் பெயரே அதிகாரத்தின் பெயராகிப்போன சொல். கொஞ்சம் படித்துவிட்டு ஆண்டை மொழியைப் பேசி, ஆண்டை மாதிரி உடுத்தித் திரிந்த எஸ்தோனியனை ஊர்ச்சனம் 'புதர்ச்செடி ஜெர்மானியன்' என்று கேலி செய்தது. லாத்வியரிடமும் இதே கேலி உண்டு, செடிதான் வேறு.

நாட்டார் வழக்காறு படிக்கிற மாணவர்களுக்கு ஹெர்டர் பெயரைச் சொல்லாமல் பாடம் தொடங்காது. 1764 முதல் 1769 வரை ரீகாவில் ஆசிரியராக இருந்தவர். 1778-79இல் அவர் வெளியிட்ட 'நாட்டுப்பாடல்கள்' தொகுப்பில் எஸ்தோனிய, லாத்தியப் பாட்டுகளும் இடம்பெற்றன. அதில் ஓர் எஸ்தோனியப் பாட்டின் தலைப்பே பண்ணையடிமைகளை வதைக்கும் கொடுங்கோலர் மீதான முறையீடு. இந்த எஸ்தோனியப் பாட்டுகளை ஹெர்டருக்குச் சேகரித்துத் தந்தவர் ஹூப்பல் என்ற ஜெர்மன் பாதிரியார். இதே ஹூப்பல் 1774 முதல் 1782 வரை வெளியிட்ட நாட்டு விவரண நூலில் இன்னொரு கணக்கு வருகிறது. ஆள் விலைக் கணக்கு. பண்ணையடிமைகளும் அவர்கள் பிள்ளைகளும் குதிரைக்கும் நாய்க்கும் புகைக்குழாய்க்கும் மாற்றாகக் கைமாறியதை எழுதியிருக்கிறார். பாட்டைச் சேகரித்த கையே பாடியவளின் விலையையும் குறித்து வைத்திருக்கிறது. இரண்டையும் ஒரே பிரதியாக வாசிக்க வேண்டும் என்பது என் கட்சி. இலக்கிய வரலாறோ பாட்டை மட்டும் வைத்துக்கொண்டு, விலைப்பட்டியலைப் பொருளாதாரக்காரன் பக்கம் தள்ளிவிட்டது.

1816, 1817, 1819 என மூன்று மாகாணங்களில் அடுத்தடுத்து அடிமைத்தளை நீங்கியது. ஆளுக்கு விடுதலை, நிலம் முழுக்க ஆண்டைக்கு. லாத்வியர் இதைப் 'பறவை விடுதலை' என்றார்கள். பறக்கலாம், இறங்க இடமில்லை. நிலம் வேண்டுமென்றால் பழையபடி ஆண்டைக்கு உழைத்துத்தான் குத்தகை கட்ட வேண்டும். குடும்பப் பெயர்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. அதையும் பல இடங்களில் பண்ணையாரோ பாதிரியாரோதான் வைத்தார்கள்.

இந்த விடுதலையின் 50ஆம் ஆண்டைக் கொண்டாடத்தான் 1869இல் தார்த்து நகரில் எஸ்தோனியரின் முதல் பாட்டு விழா நடந்தது. இன்றைக்கு உலகம் வியக்கும் விழாக்களுக்கு அதுதான் மூலம். மேடையில் ஏறியவர்கள் ஆண்கள் மட்டும். பாடியதில் பெரும்பகுதி ஜெர்மன் பாணிச் சேர்ந்திசை. பழைய எஸ்தோனியப் பாட்டோ பெரும்பாலும் பெண்கள் வாய்வழியாக வந்தது. கிழவிகள் பாடினது மேடைக்கு ஆகவில்லை. அடிமைத்தளை நீங்கியதைக் கொண்டாடுகிற மேடையில் அடிமைப்பெண்ணின் குரலுக்கு இடமில்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

காவியங்களிலும் இதே சங்கதிதான். 'கலேவிப்போயெக்' எழுதிய கிரோய்ட்ஸ்வால்ட் 1803இல் பண்ணையடிமைப் பெற்றோருக்குப் பிறந்தவர், மருத்துவர். நாட்டுப்பாட்டின் நடையில் சுமார் 19,000 அடிகள். நேராக மக்கள் வாயிலிருந்து வந்தவை அதில் சிறுபகுதியே. அடிமையின் மகன் எழுதிய காவியத்தில் நாயகன் யார்? ராசா. தணிக்கை இருந்தது, ஆண்டையை நேராக எழுத முடியாது, நியாயம்தான். என்றாலும் சவுக்கடி பட்ட முதுகை மறைக்க முடிசூட்டிய தலையைக் கொண்டுவந்து நிறுத்துவதை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. 1888இல் பும்புர்ஸ் எழுதிய லாத்தியக் காவியத்தில் கரடிக்காது கொண்ட வீரன் கருப்பு வீரனோடு மோதி ஆற்றில் விழுகிறான். நல்ல கதை. அதில் உழவன் தன் கதையைத் தேடினால் கொஞ்சம்தான் கிடைக்கும்.

பரோன்ஸ் செய்தது வேறு. 1880இல் மாஸ்கோவில் ஓர் அலமாரி செய்வித்து, ஊரூராக வந்த நாலடிப் பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதி இழுப்பறை இழுப்பறையாக அடுக்கினார். இரண்டரை லட்சத்துக்கு மேல் சீட்டுகள். 1894 முதல் 1915 வரை தொகுதிகளாக அச்சேறின. தாயில்லாப் பெண், வாழ்க்கைப்பட்டுப் போனவள், மாடு மேய்க்கிற பிள்ளை, பண்ணைக்குக் கட்டாய வேலைக்குப் போனவர் எல்லாரும் அதில் இருக்கிறார்கள். அவற்றைக் கோத்து ஒரு மகாவீரனை உண்டாக்க அவர் முனையவில்லை. நாலடி நாலடியாகவே விட்டார். எந்தக் காவியத்தைவிடவும் இந்த அலமாரிதான் எனக்குப் பெரிய இலக்கியம்.

இன்னொன்றையும் நண்பர்கள் தேடிப் படிக்க வேண்டும். 1858இல் மாஹ்த்ரா பண்ணையில் கட்டாய வேலை தொடர்பாகக் குடியானவர்கள் சிப்பாய்களோடு மோதினார்கள். செத்தவர் போக, பிடிபட்டவர்களுக்குக் கசையடி. பண்ணை ஊழியரின் மகன் எதுவார்த் வில்தே 1902இல் இதை நாவலாக்கினார். அதில் ராசா இல்லை, கரடிக்காது இல்லை. கூலிக்கணக்கும் கசையும் இருக்கின்றன. மாஹ்த்ரா நடந்து 61 ஆண்டு கழித்து, 1919 அக்டோபரில், எஸ்தோனிய அரசியல் நிர்ணய சபை சட்டம் போட்டுப் பண்ணை நிலங்களைப் பறித்தது. லாத்வியாவில் அது 1920இல்.