மேடைக்கு விலை கொடுப்பவர் யார்?

ஒரு மேடையைக் கண்டால் அதில் நின்று பாடுபவர் யார் என்றே நாம் முதலில் பார்க்கிறோம். குரல் எப்படி, தாளம் எப்படி, கூட்டம் எவ்வளவு என்று கணக்கெடுக்கிறோம். அந்த மேடைக்குப் பந்தல் போட்டவர் யார், எந்தப் பயனைக் கருதிப் போட்டார் என்று கேட்பதில்லை. ஆனால் கலையின் தன்மையைப் பாதியளவு தீர்மானிப்பது அந்தக் கேள்விதான் என்பது நம் கருத்து. அதை நிறுவ இரண்டு ஊர்களை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். மற்றொன்று நம் வடசென்னை.

நெவாடா மாநிலம் 1931ஆம் ஆண்டு சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. பாலைவனத்தில் விடுதிகள் எழுந்தன. விடுதிதோறும் ஒரு மேடை. மேடைதோறும் ஒரு புகழ்பெற்ற பாடகர். சீட்டு விலையோ குறைவு. நஷ்டத்துக்கு ஏன் கலை வளர்த்தார்கள்? அரங்கிற்குப் போகிறவரும் அரங்கிலிருந்து திரும்புகிறவரும் சூதாட்ட மேசைகளின் நடுவேதான் நடந்தாக வேண்டும். அப்படித்தான் அக்கட்டடங்களை அமைத்தார்கள். பாட்டு தூண்டில் புழு, மேசையே தூண்டில். எல்விஸ் பிரெஸ்லி 1969 முதல் 1976 வரை ஒரே விடுதியின் மேடையில் 600க்கும் மேற்பட்ட முறை பாடினார். கேட்டவர் மகிழ்ந்தனர் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த மகிழ்ச்சியின் மறுபக்கத்தில் எத்தனை குடும்பங்களின் சேமிப்பு மேசைமேல் கரைந்தது என்பதை எந்தப் பாராட்டுரையும் சொல்வதில்லை. சூது ஹராம் என்பதை நம் வாசகர்க்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாம் இங்கே கேட்பது, சூதுக்குப் பணியாளாகிவிட்ட கலைக்கு என்ன நேர்கிறது என்பதே.

அதற்கும் சரித்திரம் விடை தருகிறது. 1950களில் சாமி டேவிஸ் ஜூனியர் போன்ற கறுப்பினக் கலைஞர்கள் அந்த மேடைகளில் கைத்தட்டல் பெற்றனர். பாடி முடித்ததும் அதே விடுதியில் ஓர் அறையெடுத்துத் தங்க அவர்களுக்கு அனுமதியில்லை. நகரின் மேற்குக் கோடியில் இருந்த சேரிப் பகுதிக்குத்தான் திரும்ப வேண்டியிருந்தது. 1955 மே மாதம் எல்லா இனத்தவரையும் ஏற்ற ‘மூலன் ரூஜ்’ என்னும் விடுதி திறக்கப்பட்டது. அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே மூடப்பட்டது. 1960 மார்ச்சில் கறுப்பின மக்கள் ஊர்வலம் போவதாக எச்சரித்த பின்னரே மற்ற விடுதிகள் கதவு திறந்தன. குரல் வேண்டும், குரலுக்குரியவன் வேண்டாம்! மேடைக்கு விலை கொடுத்தவன் குரலைச் சரக்காக மட்டுமே கண்டான்.

பின்னாளில் அங்கும் நிலைமை மாறியது. 1990களின் இறுதியிலிருந்து பெரிய விடுதிகளுக்கு மேசை வருமானத்தைவிட அறை, உணவு, காட்சி ஆகியவற்றின் வருமானம் மிகுந்தது. புழுவே மீனின் விலைக்கு உயர்ந்துவிட்டது. சீட்டு விலையும் எளியவர்க்கு எட்டாத உயரம் போயிற்று.

இனி நம் வடசென்னைக்கு வருவோம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்ட இராயபுரம். மீன்பிடித் துறையான காசிமேடு. மோட்டார் தொழிற்சாலைகளின் திருவொற்றியூரும் எண்ணூரும். மூட்டை சுமந்தவர், வலை இழுத்தவர், இயந்திரத்தோடு இயந்திரமாய் நின்றவர் வாழும் இந்தப் பட்டையில் நகரத்தின் தென்பகுதியில் உள்ளனபோன்ற சபாக்கள் தோன்றவில்லை. மேடையே இல்லையா? உண்டு. தெருவே மேடை. ஒரு வீட்டில் மரணம் நேர்ந்தால், அன்றிரவு சவத்தைக் காத்துக்கொண்டு விழித்திருப்பவர்களுக்காகப் பாடப்படும் மரண கானாதான் அந்த மேடையின் தலையாய கலை. டோலக்கோ டேப்போ கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் சட்டியும் பானையும் போதும். இறந்தவனின் பெயரும் பிழைப்பும், அவன் விட்டுச் சென்ற கடனும் பிள்ளைகளும் பாட்டில் வரும். சாவின் முன் செல்வனும் வறியனும் சமம் என்று பாட்டு முடியும்.

இந்த மேடைக்கு விலை கொடுப்பவர் யார்? இழவு வீட்டாரும் அண்டை அயலாரும்தாம். பதிலுக்கு அவர்கள் வேண்டுவது ஒன்றே: விடியும்வரை துக்கத்தைத் தாங்கித் தர வேண்டும். ஆகவேதான் கானாவில் பொய்க்கு இடமில்லை. தெரு முழுவதும் அறிந்த ஒருவனைப் பற்றித் தெரு நடுவில் நின்று பொய் பாட எவனால் முடியும்?

இங்கே நம் சமுதாயம் செவிசாய்க்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. கானாவின் வேர்களைத் தேடுவோர் சித்தர் பாடல்களோடு சேர்த்துச் சுட்டும் பெயர் குணங்குடி மஸ்தான் சாகிபு அவர்களுடையது. இராமநாதபுரம் சீமையில் தொண்டிக்கு அருகே பிறந்து, சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்டு, துறவு பூண்டு வடசென்னைக்கு வந்து, 1838இல் இங்கேயே அடங்கினார்கள். தொண்டியார் வாழ்ந்த இடம் தண்டையார்பேட்டையாயிற்று என்று மக்கள் வழக்கு சொல்கிறது. அவர்களுடைய பராபரக்கண்ணியையும் ரகுமான் கண்ணியையும் எடுத்துப் பாருங்கள். இரண்டே அடி, பின் மீண்டும் மீண்டும் வரும் ஒரே விளி. தனியொருவர் அடியை எடுக்க, சூழ்ந்திருப்போர் விளியைச் சேர்ந்து சொல்ல ஏற்ற வடிவம். கானாவின் உயிர்நாடியும் இந்த ஏற்பும் எதிரொலியுமே. அச்சுப் புத்தகம் வாங்க வழியில்லாத தெருவில் ஒரு சூஃபியின் கவிதை உயிர் தரித்ததற்கு இவ்வடிவமே காரணம் என்று கொள்வது தவறாகாது.

ஆனால் நம்மில் எத்தனை வீடுகளில் இன்று அந்தக் கண்ணிகள் ஒலிக்கின்றன? சரவணப்பெருமாளையர் போன்ற சைவப் புலவர்கள் அவர்களைப் போற்றிப் பாடியதை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அவர்தம் பாட்டை வாயில் வைத்திருந்த கூலித் தொழிலாளியின் கானாவையோ, “ரவுடிப் பாட்டு” என்று சொல்லிச் சன்னலைச் சாத்துகிறோம். இது முறைதானா?

கானாவைச் சன்னல் திறந்து அழைத்தது சினிமா. தேவாவின் இசையில் 1990களில் அது திரையெங்கும் பரவியது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’ கானா உலகநாதனையும், 2012இல் ‘அட்டகத்தி’ கானா பாலாவையும் நாடறியச் செய்தன. பாடகருக்குப் பேரும் ஊதியமும் கிடைத்தன. அதை நாம் குறைசொல்லவில்லை. ஆயினும் திரை எதை எடுத்துக்கொண்டது? தாளத்தை எடுத்தது, துக்கத்தை விட்டது. சாவீட்டில் பிறந்த பாட்டு பெரும்பாலும் குத்தாட்டத்திற்குத் துணையாயிற்று. விலை கொடுப்பவர் மாறியதும் சரக்கும் மாறியது. லாஸ் வேகாஸ் நியதி இங்கும் ஓசையின்றி நடந்தேறியது.

கானாவில் குறையே இல்லை என்று வாதாட வரவில்லை. பெண்களை இழிவாகப் பேசும் பாட்டும், கத்தியைக் கொண்டாடும் பாட்டும் அதில் உண்டு. அவற்றை நாமும் வெறுக்கிறோம். ஆனால் குறைகளைத் திருத்த வேண்டியவர்கள் கேட்பவர்கள். கேட்பவர் மதித்துக் கேட்டால் பாடுபவர் தரம் உயரும். நாகூர் ஹனீபா அவர்கள் 2015இல் மறையும்வரை நமக்குக் காட்டிய பாடமும் அதுவே. ஊர்தோறும் திறந்தவெளி, விலைச்சீட்டு கிடையாது, மீலாது விழாவும் கந்தூரியும் நடத்திய ஊர்மக்களே செலவை ஏற்றார்கள். அதனால்தான் அந்தக் குரல் யாருக்கும் கூச்சப்படாமல் எழுந்தது. முஸ்லிமல்லாதார் இல்லங்களிலும் நுழைந்தது.

2018 ஜனவரியில், இயக்குநர் பா. இரஞ்சித்தின் முயற்சியால், ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழு கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிக் கானாவின் கோபத்தையும் கண்ணீரையும் அதனிடமே திருப்பித் தந்தது. பாடுபவரை மனிதராக மதித்து மேடை போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சான்று. அந்தப் பணியில் நமக்கும் பங்குண்டு. தண்டையார்பேட்டையில் மஸ்தான் சாகிபு நினைவாக ஆண்டுக்கு ஓரிரவு. ஒரு பக்கம் நம் பாவாக்கள் தாயிரா தட்டிப் பாடட்டும், மறுபக்கம் கானாப் பாடகர்கள் அதே கண்ணிகளைத் தம் தாளத்தில் எடுக்கட்டும். செலவு பெரிதில்லை. நம் திருமண மண்டபம் ஒன்றின் ஒருநாள் விளக்கலங்காரத்துக்கு ஆகும் தொகை போதும்.

லாஸ் வேகாஸில் ‘டிராபிகானா’ விடுதியின் ஆட்டக்காட்சி 1959இல் தொடங்கி ஐம்பதாண்டுக் காலம் நடந்தது, 2009இல் நிறுத்தப்பட்டது. 2024 அக்டோபரில் அந்தக் கட்டடத்தையே வெடிவைத்துத் தகர்த்தார்கள். லாபம் தீர்ந்தது, மேடையும் தீர்ந்தது. குணங்குடியார் மறைந்து ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆகின்றன. வடசென்னைத் தெருவில் அந்த மரபின் குரல் இன்னும் ஓயவில்லை. அதை ஓயாமல் காப்பதற்கான செலவை இனி யார் ஏற்பது என்பதே நம்முன் நிற்கும் கேள்வி.