‘நிலவை இறக்குதல்’ : மேனாட்டுப் புதுநெறி நூலொன்றின் ஆராய்ச்சி

பிறர் கைக்கொண்ட நெறியொன்றை ஆராயப் புகுவார்க்கு இரண்டு இடர்கள் உண்டு. தமக்கு மாறாயினவெல்லாம் பேதைமையென்று தள்ளிவிடுதல் ஒன்று. புதுமை கண்டு மயங்கி, எல்லாம் ஒன்றேயென்று தழுவிக்கொள்ளுதல் மற்றொன்று. இவ்விரண்டிலும் ஆராய்ச்சியென்பது நிகழ்வதில்லை. ஆகலின் இரண்டனையும் விலக்கி, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாகப் பரவிவரும் ‘பேகன்’ நெறியைப் பற்றி, அந்நெறியில் நின்றாரொருவரே எழுதிய நூலை ஈண்டு எடுத்துக்கொண்டு அதன் குணங் குற்றங்களை ஆராய்வாம்.

நூலின் பெயர் ‘டிராயிங் டௌன் தி மூன்’ என்பது. ‘நிலவை இறக்குதல்’ என்பது அதன் பொருள். ஆசிரியர் மார்கோ ஆட்லர் என்னும் அம்மையார். 1946ஆம் ஆண்டிற் பிறந்து 2014இல் மறைந்த இவர், அமெரிக்க வானொலியில் நெடுநாட் செய்தியாளராய்ப் பணியாற்றியவர். வியன்னா நகரத்து உளநூலறிஞர் ஆல்பிரட் ஆட்லரின் பெயர்த்தி. நூல் 1979இல் முதற்கண் வெளிவந்தது. 1986இலும் 2006இலும் திருத்தியும் விரித்தும் பதிப்பிக்கப்பெற்றது. ஆசிரியர் ஏட்டறிவொன்றையே கொண்டு எழுதினாரல்லர். நாடெங்குஞ் சென்று அந்நெறியாரோடு உடனிருந்தும், வினாத்தாள் விடுத்து விடைபெற்றும், தாமே அவ்வழிபாடுகளிற் கலந்துகொண்டும் எழுதினார்.

பேகன் என்னுஞ் சொல்லைக் கேட்டு, மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளலை அன்பர்கள் நினையற்க. இச்சொல் ‘பகானுஸ்’ என்னும் இலத்தீன் மொழியினின்று வந்தது. நாட்டுப்புறத்தான் என்பது அதன் பழம்பொருள். உரோமப் பேரரசிற் கிறித்துவம் பரவிய காலத்துப் பழைய தெய்வங்களைக் கைவிடாதாரை இழித்துக் கூறும் வசையாக அது மாறிற்று. அவ்வசையையே இற்றைநாளிற் பலர் தமக்குப் பெயராக விரும்பி ஏற்றுக்கொண்டனர். அவருட் சிலர் கிரேக்கத் தெய்வங்களையும், சிலர் வடபுல நாடுகளின் தெய்வங்களையும், சிலர் அம்மையும் அப்பனுமாகிய இரு தெய்வங்களையும் வழிபடுவர். இயற்கை முழுதும் உயிருடையது, தெய்வம் உலகினுள்ளே உறைவது, தெய்வங்கள் பல என்னும் இம்மூன்றும் அவர் பலர்க்கும் பொதுவாம் என்று ஆசிரியர் கூறுகின்றார்.

அம்மையார் அந்நெறிக்கு வந்த வரலாறு அறியத்தக்கது. சமயப் பற்றில்லாத குடும்பத்தில் வளர்ந்த அவர், பன்னிரண்டாம் அகவையிற் பள்ளியிற் கிரேக்க நாட்டுப் பழங்கதைகளைப் பயின்றார். ஆர்ட்டெமிஸ், அதீனா என்னும் பெண்தெய்வங்கள் அவருள்ளத்தைக் கவர்ந்தன. அத்தெய்வங்களை வழிபடுதலினும் அவையாகவே ஆகிவிடல் வேண்டுமென்னும் வேட்கையே அப்பொழுது அவர்க்கு மிக்கிருந்ததாம். ஆண்டுகள் பல கழிந்தபின், இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலிருந்து வந்த ஒலிநாடா ஒன்றில் வழிபாட்டு உரை ஒன்றைக் கேட்டார். இளமையில் உள்ளே அடங்கிக் கிடந்த உணர்ச்சி மீண்டும் எழுந்தது. இவ்வாறு வந்தோர் பலரும், யாம் மதம் மாறினேமல்லேம், எம்முள் முன்னரே இருந்ததற்கு ஒரு பெயர் கிடைத்தது, எம் இல்லத்திற்கே மீண்டேம் என்று கூறுவதாக அவர் எழுதுகின்றார். நூலின் உயிர்நிலை இவ்விடத்தேயாம். யாம் ஆராய வேண்டுவதும் இதனையே.

அதற்குமுன், இந்நெறியின் பழமையைப் பற்றிய வழக்கொன்றைத் தெளிதல் வேண்டும். 1921ஆம் ஆண்டில் மார்கரெட் மர்ரே என்னும் எகிப்திய ஆராய்ச்சியாளர், ஐரோப்பாவிற் சூனியக்காரர் என்று கொல்லப்பட்டோர் உண்மையிற் கிறித்துவத்திற்கு முற்பட்ட பழஞ்சமயமொன்றைக் காத்து நின்றோரே என்று ஒரு நூல் எழுதினார். ஜெரால்டு கார்ட்னர் என்பவர், 1884இற் பிறந்து, 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்திலும், பின்னர் மலாயாவிற் சுங்கத்துறையிலும் பணியாற்றி, 1936இல் ஓய்வு பெற்றுத் தம் நாடு மீண்டார். சூனியத்தைத் தடுத்த 1735ஆம் ஆண்டுச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பின், 1954இல் அவர் தம் நூலை வெளியிட்டு, அப்பழஞ்சமயம் இன்னும் அழியாது நிற்கின்றதென்றும், தாம் அதன்கண் தீக்கை பெற்றதாகவும் கூறினார். மர்ரே அம்மையாரே அதற்கு முகவுரை அளித்தார். இக்காலத்து ‘விக்கா’ எனப்படும் நெறி இதன்வழிப் பரவியதே.

ஆராய்ச்சி இக்கூற்றைத் தாங்கவில்லை. நார்மன் கோன் என்னும் வரலாற்றறிஞர் 1975இல் மர்ரேயின் கொள்கை சான்றுகளைச் சிதைத்து எடுத்தாண்டதால் எழுந்ததென்று காட்டினார். பிரிஸ்டல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரொனால்டு ஹட்டன், 1999இல் வெளியிட்ட பெருநூலில், விக்கா நெறி இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திற் பல மூலங்களினின்று தொகுத்து அமைக்கப்பட்டதென்று நிறுவினார். கொல்லப்பட்டோர் தொண்ணூறு இலட்சம் என்று அந்நெறியாரிடை வழங்கிய கணக்கும் நில்லாதாயிற்று. நாற்பதினாயிரம் முதல் அறுபதினாயிரம் வரை என்பதே இற்றை வரலாற்றாசிரியர் பலர் கொள்ளும் அளவு. அதுவும் ஆற்றொணாக் கொடுமையே; மிகைப்படுத்த வேண்டுவதின்று.

ஆட்லர் அம்மையார் ஹட்டனுக்கு இருபதாண்டு முன்னரே, இப்பழமைக் கதையை வரலாறாகக் கொள்ளற்க, உள்ளத்திற்கு உரமளிக்கும் புனைவாகக் கொள்க என்னும் கருத்துப்பட எழுதியது அவர்தம் நேர்மைக்குச் சான்று. தம் நெறியின் வேர் பொய்யென்று பிறர் காட்டுமுன் தாமே எடுத்துரைக்கும் துணிவு எளிதன்று. இதனை யாம் உவந்து பாராட்டுகின்றோம். பழமை ஒன்றாலேயே ஒரு நூல் நன்றாகாது, புதுமை ஒன்றாலேயே தீதாகாது என்னும் நடுநிலையை உமாபதி சிவாசாரியர் சிவப்பிரகாசத்தின் அவையடக்கத்திலேயே வகுத்தருளியதை நம் அன்பர்கள் அறிவர். அவ்வளவை நமக்கு ஆமெனின் அவர்க்கும் ஆம். ஆகவே, நேற்றுத் தோன்றியதென்று கூறி இந்நெறியைத் தள்ளுதல் நமக்கு முறையன்று.

அங்ஙனமாயின் ஒரு நெறியை மெய்யென்று எதனாற் காண்பது? இவ்வினாவிற்கு விடைதேட நூலிலேயே இடமுண்டு. அமெரிக்காவின் மினசோட்டா மாகாணத்துக் கார்லட்டன் கல்லூரியில், மாணாக்கர் சமய வழிபாட்டிற்குக் கட்டாயம் வருதல் வேண்டுமென்று ஒரு விதி இருந்தது. அதனை எள்ளி நகையாடுதற்பொருட்டு 1963இல் மாணாக்கர் சிலர் ‘துரூயிது’ நெறி என ஒன்றை விளையாட்டாகத் தொடங்கினர். இயற்கையின் வாயிலாகச் சமயவுண்மையைத் தேடலாம் என்பதே அவர் கொள்கை. மறுவாண்டே அவ்விதி நீக்கப்பட்டது. எதிர்த்தற்கு ஒன்றும் இல்லையாயிற்று. ஆயினும் வழிபாடு நிற்கவில்லை. குன்றின்மேற் கூடி நின்று வணங்கியவர்க்கு, நகைக்காகத் தொடங்கியது நாளடைவில் உண்மையான வழிபாடாகவே ஆகிவிட்டது.

நூற்பெயராகிய வழிபாட்டையும் நோக்குக. முழுநிலா நாளில் வட்டம் வகுத்து, நாற்றிசையும் வணங்கி, தலைமை ஏற்ற அம்மையார்மேல் தெய்வத்தை வருவிப்பர். அவர் தெய்வமாய் நின்று அடியார்க்கு உரைப்பார். பெயர் பழையது, தெசலி நாட்டு மந்திரக்காரிகள் நிலவை இறக்குவர் என்பது பண்டைக் கிரேக்க நாடகத்திலேயே வரும் செய்தி. உரையோ புதியது, 1899இல் வெளிவந்த லேலண்டு என்பாரின் ‘அராதியா’விலிருந்து சில பகுதிகளை எடுத்து, இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டோரீன் வாலியன்ட் என்னும் அம்மையார் திருத்தி எழுதியதே இன்று பெரிதும் வழங்குகின்றது. எழுதியவர் யார், எழுதிய நாள் எது என்று அறிந்திருந்தும், அதனைக் கேட்டு உருகுவார் உளர். இதனை நடிப்பென்று இகழ்தல் தகாது. கேட்பவர் உள்ளம் உருகுவது மெய்யாயின் அவ்வளவில் அது மெய்யே.

இனிக் குற்றத்தைக் கூறுவாம். இல்லம் மீண்டேம் என்னும் உணர்ச்சியையே ஆசிரியர் இந்நெறியின் சிறப்பெனக் கொள்கின்றார். கொள்கைக் கட்டில்லை, நம்புகவென்று வற்புறுத்துவார் இல்லை, ஒவ்வொரு குழுவும் தன்னுரிமையுடையது, படைப்பின்பமே சமயம் என்பன அவர் மகிழ்ந்து கூறுவன. ஆயின் என்னுள் முன்னரே இருந்ததனோடு ஒத்ததே எனக்குரிய நெறி என்றால், என்னுள் இருப்பது பிழையாயின் அதனைத் திருத்துவது யாது? காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் தன்னுணர்வாகிய காட்சியொன்றே எஞ்சி நிற்ப, மற்றையிரண்டும் அதற்கு ஏவல் செய்வனவாகிவிடுகின்றன. யாம் மடத்திற் பாடங் கேட்ட நாளில், எமக்கு இனிய பகுதியை ஆசிரியர் விரைந்து கடத்திவிடுவார். எம் கருத்திற்கு ஒவ்வாது முரணிய பகுதியிலேயே பல நாள் நிறுத்தி வைப்பார். அம்முரணிலேயே கல்வி நிகழ்ந்தது. உவப்பனவற்றை மட்டும் தேர்ந்துகொள்ளும் வழியில் அவ்வகைக் கல்விக்கு இடம் யாண்டுளது?

தீக்கையைப் பற்றிய வழக்கும் இதுவே. கார்ட்னர்வழி வந்தோர் மூன்று படித் தீக்கையைக் கொண்டனர். வாலியன்ட் அம்மையாரோ 1978இல் வெளியிட்ட நூலில், ஒருவர் தமக்குத் தாமே தீக்கை செய்துகொள்ளும் முறையொன்றை வகுத்தளித்தார். முதற் குருவிற்குத் தீக்கை செய்தார் யாவர் என்பது இத்தரப்பார் வினா. வினா கூரியதே. ஆயினும் முதல்வர் ஒருவர்க்குக் குரு வேண்டாதிருந்தார் என்பதனால், பின் வருவார் எவர்க்கும் திருத்துவார் வேண்டா என்பது பெறப்படாது. ஆறு ஊற்றினின்று தானே எழுந்தது என்பது கொண்டு, கரை வேண்டா என்று கூறல் ஆகுமோ?

இதற்கு அவர் கூறும் மறுப்பையும் மறைத்தல் நேர்மையன்று. எம்முட் பலர், கடவுள் ஆண் வடிவினர் என்றும், பெண்ணின் உடல் இழிந்ததென்றும் கேட்டு வளர்ந்து புண்பட்டு வந்தோம். திருத்துவோம் என்று வந்தவரே எம்மை நசுக்கினர். எம் தெய்வத்தை யாமே கண்டபொழுதுதான் நிமிர்ந்து நின்றோம் என்பர். இம்மறுப்பு வலியுடைத்து. அடக்குதலைத் திருத்துதலென்று பெயரிட்டு வழங்கியது மேனாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. ஆயினும் தீய ஆசிரியர் உளர் என்பதனால் ஆசிரியன்மையே தீதாகாது. மருந்தைப் பிழைபட அளித்தாரைக் கண்டு மருந்தை வெறுப்பார் இலர்.

இன்னொரு செய்தி. 2005இல் ஆப்கானித்தானத்திற் போரில் மாண்ட அமெரிக்க வீரர் ஒருவரின் மனைவியார், கணவர் பெயர் பொறித்த நினைவுக்கல்லில் அவர் நெறிக்குரிய ஐங்கோணக் குறியைப் பொறிக்க வேண்டினார். அரசு ஏற்றுக்கொண்ட குறிகளுள் அஃது இல்லை என்று இசைவு தாழ்த்தப்பட்டது. வழக்காடியபின் 2007இல் அரசு அதனை ஏற்றது. நூலின் இறுதிப் பதிப்பிற்குப் பின் முடிந்த இவ்வழக்கு, நூலாசிரியர் கொண்ட அளவையைத் திருத்துகின்றது என்பது எம் கருத்து. அவ்வம்மையார் வேண்டியது விருப்பம்போல் மாற்றிக்கொள்ளும் உரிமையன்று. இனி எவராலும் மாற்றவொண்ணாதபடி கல்லிற் பொறிக்கப்படல். விதி நீங்கியபின்னும் குன்றேறிய கல்லூரி மாணாக்கரையும் இவரோடு சேர்த்து எண்ணுக. நுழைந்த காரணம் ஒழிந்தபின்னும், இன்பம் ஒழிந்து துன்பம் வந்தபின்னும், விடாது பற்றி நிறுத்துவது எதுவோ அதுவே நெறி. தாம் பற்றியதென்று எண்ணித் தொடங்கினோர், அது தம்மைப் பற்றியிருத்தலைப் பின்னர்க் காண்கின்றனர்.

ஆகவே இந்நூலைப் பற்றி யாம் துணிந்தது இது: பொய்ப்பழமையை விட்டொழித்த நேர்மையும், பிறர் வழிபாட்டைக் கண்ணாற் கண்டு எழுதிய உழைப்பும் இதன் குணங்கள். நெறியின் வாயிலையே நெறியாகக் கொண்டது இதன் குற்றம். அந்நெறியார் தம் வாழ்வில் நூலைக் கடந்து சென்றிருக்கின்றனர் என்பதே எமக்குத் தோன்றுகின்றது. நம் அன்பர்களும் இதனைப் படித்து, தம் நெறியிலே தமக்கு உவப்பனவற்றை மட்டும் எடுத்துக்கொண்டு முரணுவனவற்றைக் கடந்துபோகின்றனரோ என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பாராயின், மேனாட்டு அம்மையாரின் உழைப்பு ஈண்டும் பயன்பட்டதாகும் என்க.